பாபநாசம் சிவன்: வீதியில், மேடையில், திரையில்

தமிழில் பேசும் படம் தோன்றிய 1931ஆம் ஆண்டைத் தொடர்ந்து ஏறத்தாழ இருபது ஆண்டுக் காலம், திரைப்பாட்டுக்கும் கச்சேரிப் பாட்டுக்கும் இடையே இன்று காணப்படும் வேலி எழும்பியிருக்கவில்லை. கோவில் வீதியில் பாடியவர், சபா மேடைக்குப் பாட்டுக் கட்டியவர், படக் கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தின் அட்டையில் பெயர் அச்சானவர் ஆகிய மூவரும் ஒரே மனிதராக இருக்க முடிந்த காலம் அது. அம்மனிதருக்குப் பெயர் பாபநாசம் சிவன். இசை நூல்கள் இத்தகையவரை வாக்கேயக்காரர் என்று குறிக்கும். வாக்கு என்பது சொல்லையும் கேயம் என்பது பாடப்படுவதையும் சுட்ட, சொல்லையும் மெட்டையும் தாமே இயற்றுபவர் என்ற பொருளில் இச்சொல் வழங்கிவருகிறது. பாடலாசிரியர் என்றும் இசையமைப்பாளர் என்றும் பிற்காலத் திரையுலகம் இரண்டு நாற்காலிகளாகப் பிரித்துப் போட்டதைச் சிவன் தம் பணியின் தொடக்கத்தில் ஒன்றாகவே வைத்திருந்தார். அவருடைய பாட்டின் வலிமையும், அவருடைய செல்வாக்கு பின்னாளில் தேய்ந்ததற்கான காரணமும் அந்த ஒருமையில்தான் அடங்கியிருக்கின்றன.

அவர் 1890ஆம் ஆண்டு செப்டம்பர் 26ஆம் நாள் தஞ்சை மாவட்டத்துப் போலகம் என்னும் ஊரில் பிறந்தார். இராமய்யா என்று அழைக்கப்பட்டார். ஏழாம் வயதில் தந்தையை இழந்த அவரையும் தமையனாரையும் தாயார் யோகாம்பாள் திருவிதாங்கூருக்கு அழைத்துச் சென்றதால், காவிரிக் கரையில் வளர்ந்திருக்க வேண்டிய பிள்ளை திருவனந்தபுரத்தில் வளர்ந்து, மலையாளம் பயின்று, மகாராஜா சமஸ்கிருதக் கல்லூரியில் வடமொழி இலக்கணம் கற்றுத் தேறினார். அந்நகரில் வாழ்ந்த நீலகண்ட சிவன் என்ற அடியார், தாமே பாட்டுக் கட்டிப் பஜனை நடத்தியவர். அவரது கோஷ்டியில் நின்று பாடிய பழக்கமே இராமய்யாவுக்கு முதற் பள்ளி என்று கொள்ளலாம். 1910இல் தாயாரும் மறைந்துவிட, வேலை எதையும் நாடாமல் ஊர் ஊராகக் கோவில் கோவிலாகப் பாடித் திரிந்த அவர், பின்னர் பாபநாசத்தில் தமையனார் இல்லத்தில் தங்கியிருந்தபோது, உடலெங்கும் திருநீறு பூசிப் பாடிவரும் கோலத்தைக் கண்ட கணபதி அக்கிரகாரத்து மக்கள் அவரைச் சிவன் என்றே அழைக்கத் தொடங்கினர்; ஊர்ப் பெயர் முன்னே சேர்ந்துகொள்ள, பெற்றோர் வைத்த பெயரை இசையுலகம் மறந்தது. தம் கீர்த்தனைகளில் மட்டும் அவர் ‘ராமதாசன்’ என்ற முத்திரையைப் பொறித்தார். முத்திரை என்பது இயற்றியவர் தம்மை அடையாளம் காட்டப் பாட்டினுள் பதித்துவைக்கும் சொல்.

1921இல் திருவாரூரில் தியாகராச சுவாமியைக் குறித்து குந்தலவராளி இராகத்தில் அமைந்த கீர்த்தனையே அவருடைய முதல் கீர்த்தனை என்று சொல்லப்படுகிறது. திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் இயற்றிய ஒரு கீர்த்தனையின் மெட்டைத் தழுவி அது கட்டப்பட்டது. முதற் பாட்டிலேயே முன்னிருந்த மெட்டுக்குச் சொல் பொருத்தும் கைப்பழக்கம் தெரிவது கவனிக்கத்தக்கது, ஏனெனில் திரைத்துறை அவரிடம் பின்னாளில் அடிக்கடி கேட்டது அந்தத் திறத்தைத்தான்.

சிவன் 1930இல் சென்னைக்குக் குடிபெயர்ந்து மயிலாப்பூரில் தங்கினார். மார்கழி விடியற்காலையில் கபாலீசுவரர் கோவிலின் மாட வீதிகளைச் சுற்றி அவர் நடத்திய பஜனை விரைவிலேயே ஊரறிந்த நிகழ்ச்சியாயிற்று. அவர் சென்னைக்கு வந்த மறு ஆண்டே பேசும் படம் பிறந்தது; அது தன் கதைகளையும் நடிகர்களையும் மட்டுமன்றிப் பாட்டையும் நாடக மேடையிலிருந்தே கடன் வாங்கிக்கொண்டிருந்தது. கம்பெனி நாடகங்களில் ராஜபார்ட் எனப்பட்ட கதாநாயக நடிகர் வசனத்தை விடப் பாட்டினாலேயே மதிப்புப் பெற்றார். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரர் காதிலும் விழும்படி உச்சத்தில் நின்று பாட வேண்டியிருந்தது. அந்த வழக்கப்படியே தொடக்கக் காலப் படங்களில் ஐம்பது பாட்டுகள் வரை இடம்பெற்றன. மகாராட்டிரத்துப் பிரபாத் நிறுவனம் தயாரித்து 1934இல் வெளிவந்த ‘சீதா கல்யாணம்’ படத்துக்குப் பாட்டெழுதும் வாய்ப்பு சிவனைத் தேடி வந்தது. அவரிடம் இசை கற்றுவந்த மயிலாப்பூர்ச் சிறுவன் எஸ். ராஜம் அதில் இராமனாகவும் ராஜத்தின் தங்கை ஜெயலட்சுமி சீதையாகவும் நடித்தனர். அண்ணனும் தங்கையும் கணவன் மனைவியாக நடித்ததைப் பற்றி அந்நாளில் எழுந்த முணுமுணுப்பு தனிக் கதை. அதே 1934இல் கே. சுப்பிரமணியம் இயக்கிய ‘பவளக்கொடி’ வெளிவந்தது. மேடையில் அந்நாடகத்தால் பெயர் பெற்றிருந்த எம்.கே. தியாகராஜ பாகவதர் திரைக்கு வந்த முதற்படமும், சிவனும் பாகவதரும் சேர்ந்து பணியாற்றத் தொடங்கிய படமும் அதுவே.

இவ்விடத்தில் பாட்டின் கட்டுமானத்தைச் சற்று விரிவாகக் காண்பது தகும். கீர்த்தனை என்பது பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற மூன்று உறுப்புகளை உடையது: பல்லவி கருத்தை நிறுவி மீண்டும் மீண்டும் திரும்பிவரும் எடுப்பு, அனுபல்லவி அதே கருத்தை மேல் ஸ்தாயிக்கு ஏற்றிச் செல்லும் தொடுப்பு, சரணம் விரித்துரைத்து முடிக்கும் பகுதி. சபாவில் இதனை இராக ஆலாபனை, நிரவல், கற்பனைச் சுரம் ஆகியவற்றோடு அரை மணி நேரத்துக்கும் நீட்டலாம். கிராமபோன் தட்டோ நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழன்று, ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பாடும். படத்தின் பாட்டு தட்டாகவும் விற்றாக வேண்டும் என்பதால், இராகத்தின் முகத்தைக் கேட்பவர் முதல் அடியிலேயே அடையாளம் காணும்படி எடுப்பை அமைப்பதும், ஆலாபனைக்கு இடமில்லாத குறையைச் சங்கதிகளால் நிரப்புவதும் தேவைப்பட்டன. சங்கதி என்பது ஒரே அடியைச் சிறு சிறு மாற்றங்களோடு படிப்படியாக வளர்த்துப் பாடும் முறை. இந்தச் சுருக்கக் கலையில் சிவனுக்கு நிகராக அக்காலத்தில் இன்னொருவரைச் சொல்வது கடினம். அவருடைய திரைப்பாட்டுகள் பலவற்றில் இராகத்தின் உயிர்நாடியான சுரப் பிடிப்பு முதல் இரண்டு சொற்களிலேயே வந்துவிடுகிறது. அச்சொற்கள் நெடில் உயிரெழுத்தில் முடிந்து குரல் நின்று உலவ இடம் கொடுக்கின்றன. இவை சொல்லையும் சுரத்தையும் ஒரே மனம் ஒரே நேரத்தில் கண்டதன் விளைவுகள். படச்சுருளோடு ஒலியும் அங்கேயே பதிவாக, நடிகரே ஒளிப்பதிவுக் கருவியின் முன் நின்று பாட வேண்டியிருந்த அந்தத் தொடக்க ஆண்டுகளில், மூச்சு முறியாத இடத்தில் சொல் முறிய வேண்டும் என்பது இலக்கண விதியை விடப் பெரிய விதியாக இருந்தது. பின்னணி பாடும் முறை 1930களின் இறுதியில் வந்த பிறகுதான் அந்த நெருக்கடி தளர்ந்தது.

சிவன் திரையில் தோன்றவும் செய்தார். 1936இல் வெளிவந்த ‘பக்த குசேலா’வில் அவர் குசேலராக நடித்தார். 1939இல் வந்த ‘தியாகபூமி’யில், எழுத்தாளர் கல்கி ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதையின் சம்பு சாஸ்திரியாக, தீண்டாமை பாராட்டாது சேரிக்குள் சென்று வாழும் அந்தணராக நடித்தார்; அப்படத்துக்குப் பிரிட்டிஷ் அரசு தடை விதித்தது. நடிப்புப் பயிற்சி பெறாத அவர் அந்த இரு பாத்திரங்களிலும் பொருந்தியதற்கு, வறுமையும் பக்தியும் அவருக்கு வேடமாக இல்லாமல் வாழ்க்கையாகவே இருந்தது காரணம் எனலாம்; வேறு பாத்திரங்களுக்கு அவரைக் கற்பனை செய்வது அரிது.

அம்பிகாபதி (1937), திருநீலகண்டர் (1939), அசோக்குமார் (1941), சிவகவி (1943), ஹரிதாஸ் (1944) என்று பாகவதர் படங்கள் வரிசையாக வந்தபோது, மேல் ஸ்தாயியில் அலுங்காமல் நிற்கும் அந்தக் குரலுக்கென்றே சிவன் பாட்டுகள் தைக்கப்பட்டன. ஜி. இராமநாதன் அவற்றுள் சிலவற்றுக்கு வாத்தியச் சேர்க்கை அமைத்தார். அதாவது மெட்டு சிவனுடையதாகவும் அதைச் சூழ்ந்த பக்க வாத்தியங்களின் அணிவகுப்பு இராமநாதனுடையதாகவும் இருந்தன. 1944 தீபாவளிக்குச் சென்னை பிராட்வே கொட்டகையில் வெளியான ஹரிதாஸ் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோரை உதறி, தாசி ஒருத்தியின் மையலில் கிடந்து, பின் திருந்தும் இளைஞனின் கதை அது. மார்கழிக் குளிரில் ஈர வேட்டியோடு கபாலியைப் பாடியவர், அக்கதையின் காமக் களியாட்டத்துக்கு ‘மன்மத லீலையை’ என்ற பாட்டையும், பிற்பகுதியின் கழிவிரக்கத்துக்கு வேறு பாட்டுகளையும் எழுதினார். இதில் முரண்பாடு கண்டவர்கள் உண்டு. ஆனால் பதம் என்னும் இசை வடிவில் சிருங்காரத்தை, அதாவது காதற் சுவையைப் பக்திக்கு அடுத்த வீட்டில் குடிவைத்துப் பாடிய மரபில் வந்தவருக்கு அது அத்தனை தூரம் இல்லை. அப்பாட்டு அமைந்த சாருகேசி, 72 தாய் இராகங்களாகிய மேளகர்த்தாக்களுள் 26ஆவது. இன்றும் சாருகேசி என்றால் என்னவென்று கேட்கும் சாதாரண ரசிகருக்கு விளக்கம் சொல்பவர்கள் முதலில் முணுமுணுத்துக் காட்டுவது அந்தத் தாசி வீட்டுப் பாட்டைத்தான்.

கச்சேரி வித்துவான்களும் அக்காலத்தில் திரையை ஒதுக்கவில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாக நடித்த ‘சேவாசதனம்’ (1938), அவரும் ஜி.என். பாலசுப்பிரமணியமும் இணைந்து நடித்த ‘சகுந்தலை’ (1940) ஆகிய படங்களிலும் சிவனின் பாட்டுகள் இருந்தன. மறுபுறம், தமிழ்ப் பாட்டுக்குக் கச்சேரியில் ‘துக்கடா’ என்ற கடைசி நேரத் துண்டு இடந்தானா என்று கேட்டு எழுந்த தமிழிசை இயக்கம் 1943இல் தமிழ் இசைச் சங்கமாக உருப்பெற்றபோது, பாடகர்கள் நடுக் கச்சேரியில் வைத்துப் பாடத்தக்க கனமான தமிழ்க் கீர்த்தனைகளைத் தேடினர். அவை ஏற்கெனவே சிவனிடம் கையிருப்பாக இருந்தன. மத்தியமாவதியில் ‘கற்பகமே’, வராளியில் ‘கா வா வா’, காம்போதியில் ‘காணக் கண் கோடி’ ஆகியவை வாதத்தால் வெல்ல முடியாததைப் பாடிக் காட்டி வென்றன. நாட்டிய மேடைக்கு அவர் செய்த நாட்டைக்குறிஞ்சிப் பதவருணமும் தன்யாசிப் பதவருணமும் இன்றளவும் ஆடப்படுகின்றன. பதவருணம் என்பது அபிநயத்துக்கும் தாளச் சதிகளுக்கும் சம இடம் தரும், பரதநாட்டிய நிகழ்ச்சியின் மையமான நீண்ட உருப்படி. ருக்மிணி தேவியின் கலாக்ஷேத்திரத்தில் அவர் சில ஆண்டுகள் இசை கற்பித்ததும் இத்துடன் சேர்த்து எண்ணத்தக்கது.

அவருடைய சொல்லாட்சி குறைக்கு அப்பாற்பட்டதன்று. வடமொழிக் கல்லூரியில் ஊறிய நாவாதலால், வதனம், பிம்பம், லீலை, கருணாகரன் போன்ற சொற்கள் அவர் பாட்டில் தாமாகவே வந்து அமர்கின்றன. கடவுளை நோக்கிய கீர்த்தனையில் அவை ஒலியின்பம் தருகின்றன. ஆனால் ஆடு மேய்ப்பவனும் அரசகுமாரியும் படத்தில் ஒரே நடையில் பாடும்போது, பாத்திரம் மறைந்து பாகவதர் மட்டுமே தெரிகிறார். புராணப் படங்கள் வரை இக்குறை உறுத்தவில்லை. 1949இல் ‘வேலைக்காரி’யும் 1952இல் ‘பராசக்தி’யும் வந்தபோது திரையில் நின்றவர்கள் பண்ணையாரும் கூலியாளும் பிச்சைக்காரரும் என்றாகிவிட, உடுமலை நாராயண கவி போன்றோரின் தெருத்தமிழ் அவர்களுக்குப் பொருந்திய அளவு சிவனின் தமிழ் பொருந்தவில்லை. அதற்கு முன்பே, 1944ஆம் ஆண்டின் இறுதியில், பத்திரிகையாளர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் பாகவதர் கைதாகி, 1947இல் விடுதலையாகும்வரை சிறையில் இருந்தமையால், சிவனின் பாட்டுக்கு வாயாக இருந்த குரலும் திரையை விட்டு அகன்றிருந்தது. திரும்பி வந்த பாகவதரால் பழைய இடத்தைப் பிடிக்க இயலவில்லை. இந்தி மெட்டுகள் பெருகி, இசையமைப்பாளர் ஆர்மோனியத்தில் மெட்டைப் போட்ட பிறகு கவிஞர் அதற்கு வார்த்தை நிரப்பும் முறை நிலைபெற்றதும், வாக்கேயக்காரருக்குத் திரையில் வேலை குறைந்தது.

அவர் சும்மா இருந்துவிடவில்லை. இராமாயணத்தை 24 இராகங்களில் ‘ஸ்ரீராம சரித கீதம்’ என்ற பெயரில் பாடினார். ‘வடமொழிச் சொற்கடல்’ என்ற தலைப்பில் வடமொழிச் சொற்களின் பெருந்தொகுப்பு ஒன்றைத் தனியொருவராக உருவாக்கி 1954இல் வெளியிட்டார். திரைப்பாட்டின் மன்மதனை நினைவில் வைத்திருந்த ரசிகர்களுள் பெரும்பாலோர் அந்நூலைப் புரட்டியிருக்கமாட்டார்கள். கீர்த்தனைகள் ‘கீர்த்தனமாலை’ என்ற பெயரில் தொகுதிகளாக வந்தன. மியூசிக் அகாடமி 1971இல் சங்கீத கலாநிதிப் பட்டமும் மத்திய அரசு 1972இல் பத்மபூஷண் விருதும் அளித்தன. அடுத்த ஆண்டே, 1973இல், அவர் காலமானார்.

பழைய புத்தகக் கடைகளில் இன்றும் எப்போதாவது தலைகாட்டும் அக்காலப் படப் பாட்டுப் புத்தகங்களில், கதைச் சுருக்கத்துக்குப் பின் ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இராகத்தின் பெயரும் தாளத்தின் பெயரும் அச்சிடப்பட்டிருப்பதைக் காணலாம். அவற்றை வாங்கியவர்கள் சங்கீதம் பயின்றவர்கள் அல்லர். இரவு ஆட்டம் பார்த்துவிட்டு நடந்தே ஊர் திரும்பியவர்கள்.