பயிற்சிக்கு யாரை அனுப்புகிறோம்?

(ஊராட்சிப் பிரதிநிதிகளும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் தொழிற்பயிற்சி. அரசின் செலவில் நடைபெறும் பயிற்சிகள் இன்னின்னவை என்று பட்டியல் வாசிப்பது நமது நோக்கமன்று. அப்பட்டியல் உங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரிலேயே ஒட்டப்பட்டிருக்கிறது. அதனினும் முதன்மையான வினா ஒன்று உண்டு. இப்பயிற்சிகளுக்கு நாம் யாரை அனுப்புகிறோம்? யாரை வீட்டிலேயே விட்டுவிடுகிறோம்? உங்கள் முன் வைப்பதற்கு முன்னால் இவ்வினாவை நம்மிடமே கேட்டுக்கொண்டோம். கிடைத்த விடை நமக்குப் பெருமை தருவதாக இல்லை. ஆயினும் அதை மறைக்காமல் சொல்லுவதே முறை.

சில ஆண்டுகளுக்கு முன் தையற்பயிற்சிக்கு 35 பெண்களின் பெயரை அனுப்புமாறு நமது ஒன்றியத்துக்குக் கடிதம் வந்தது. ஒரு வாரத்திற்குள் பட்டியல் நிறைந்துவிட்டது. பெரும்பாலோர் சாலையோரத்து ஊர்களைச் சேர்ந்தவர்கள். பத்தாம் வகுப்பைக் கடந்தவர்கள். மகளிர் குழுக்களில் பழகியவர்கள். அறிக்கையை உரிய நாளுக்கு முன்பே அனுப்பினோம், பாராட்டும் பெற்றோம்.

அடுத்த மாதம் குடிநீர்த் தொட்டி ஒன்றைப் பார்வையிட ஒரு குக்கிராமத்துக்குச் சென்றிருந்தோம். ஒரு வீட்டுத் திண்ணையில் முப்பது வயது மதிக்கத்தக்க பெண் ஒருவர் அமர்ந்து, கையூசியாலேயே ரவிக்கை தைத்துக்கொண்டிருந்தார். இளம்பிள்ளை வாதத்தால் அவருடைய ஒரு கால் சூம்பியிருந்தது. கணவர் பிரிந்து போய்விட்டார். நான்கு வயதுக் குழந்தை மடியில் இருந்தது. தையலோ, இயந்திரத்தில் ஓட்டியதைப் போல் சீராக இருந்தது. "பயிற்சிக்கு ஏனம்மா வரவில்லை?" என்று கேட்டோம். "பெயர் கேட்டு வந்தார்கள் ஐயா. மிஷினை இரண்டு காலாலும் மிதிக்க வேண்டுமாம், உனக்கு ஆகாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்" என்றார்.

கால் பாதிக்கப்பட்டோருக்கென்றே மோட்டார் பொருத்திய தையல் இயந்திரம் வழங்கும் திட்டம் நமது மாநில அரசிடம் உண்டு. நாம் அதை அறியாதவர் அல்லோம். பெயர் கேட்கச் சென்றவரைக் குறை சொல்லியும் பயனில்லை. ஒரு வாரத்தில் 35 பெயர் வேண்டும் என்று அவரை விரட்டியவர்கள் நாமே.

உழவர் பெருமக்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை. மதகடி வயல் தானே நனையும். கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததா என்று மண்வெட்டியோடு நடந்து பார்ப்பவரே நல்ல நீர்க்கட்டி. அரசு திறந்துவிடும் நீர் மதகடியிலேயே சுற்றிக்கொண்டிருக்குமானால், கணக்குப் புத்தகத்தில் பாசனம் நடந்ததாகவே இருக்கும். கடைமடைப் பயிரோ கருகிப்போகும்.

இது நம் காலத்தில் புதிதாகத் தோன்றிய குறையும் அன்று. 1952-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கிய காலந்தொட்டே, கிராமத்து மக்களுக்குக் கைத்தொழில் கற்பிப்பது வளர்ச்சிப் பணியின் ஓர் அங்கமாக இருந்து வந்திருக்கிறது. 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் ஊரக இளைஞர்களுக்கான சுயவேலைவாய்ப்புப் பயிற்சித் திட்டம் நாடெங்கும் தொடங்கப்பட்டது. 'டிரைசெம்' என்று அதைச் சொல்லுவார்கள்; மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். நல்ல நோக்கத்தோடு பிறந்த திட்டம் அது. ஆனால் பல இடங்களில் உதவித்தொகைக்காகவே பயிற்சிக்கு வந்தவர் பலர். பயின்ற தொழிலுக்கு ஊரில் தேவை இருந்ததா, வங்கி கடன் கொடுத்ததா என்பதைப் பார்த்தவர் சிலர். நாற்று விடுவதில் காட்டிய முனைப்பை நடவில் காட்டவில்லை. நடுவதற்கு வயல் உழாமல் நாற்றைப் பறித்தால் அது வரப்பில் கிடந்து வாடும் அன்றோ? 1999-ஆம் ஆண்டு அத்திட்டம் வேறு பெருந்திட்டம் ஒன்றுடன் இணைக்கப்பட்டது.

இதற்கு மாறான முயற்சி ஒன்று அண்டை மாநிலத்தில் முளைத்தது. 1982-ஆம் ஆண்டு கர்நாடகத்தின் உஜிரெ என்னும் ஊரில், தர்மஸ்தலத்துக் கல்வி அறக்கட்டளையும் இரண்டு வங்கிகளும் சேர்ந்து ஒரு பயிற்சி நிலையத்தை நிறுவின. குறுகிய காலப் பயிற்சி; உண்டியும் உறையுளும் இலவசம்; பயிற்சி முடிந்தபின் நெடுநாள் தொடர்ந்து கண்காணிப்பு; கடன் கொடுக்கும் வங்கியே பயிற்சியிலும் பங்காளி. இவையே அதன் சிறப்பு. இம்முன்மாதிரியைப் பின்பற்றி, மாவட்டத்துக்கு ஒன்றாக ஊரக சுய வேலைவாய்ப்புப் பயிற்சி நிறுவனங்களை வங்கிகளின் பொறுப்பில் அமைக்கும் திட்டத்தை 2009-ஆம் ஆண்டு மைய அரசின் ஊரக வளர்ச்சி அமைச்சகம் மேற்கொண்டது. கறவை மாடு வளர்ப்பு, ஆடு வளர்ப்பு, காளான் வளர்ப்பு, தையல், கைப்பேசி பழுது நீக்கல், இருசக்கர வாகனம் பழுது பார்த்தல் முதலியன அங்கே கற்பிக்கப்படுவன. சில பத்து நாளில் முடியும். சில ஒரு மாதம் நீளும்.

கூலி வேலைக்கு மாறாக மாதச் சம்பளப் பணியை நாடும் இளைஞர்களுக்காக 2014-ஆம் ஆண்டு செப்டம்பர் 25-ஆம் நாள் தீன்தயாள் உபாத்தியாய கிராமின் கௌசல்ய யோஜனா அறிவிக்கப்பட்டது. அதன் விதிகளை வகுத்தவர்கள் கடைமடையை மறக்கவில்லை. பொதுவாக 15 வயது முதல் 35 வயது வரை என்று வரம்பிட்டவர்கள், பெண்கள், மாற்றுத்திறனாளிகள், திருநங்கையர், மீட்கப்பட்ட கொத்தடிமைத் தொழிலாளர் ஆகியோருக்கு 45 வயது வரை இடமளித்தார்கள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமோ, வறுமை ஒழிப்புத் திட்டங்களிலும் வளர்ச்சித் திட்டங்களிலும் அவர்களுக்கு 5 விழுக்காடு இடம் ஒதுக்க வேண்டும் என்றும், அதிலும் பெண்களுக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் கட்டளையிடுகிறது. ஆகவே, அவர்களைச் சேர்ப்பது நாம் காட்டும் கருணை என்று எவரும் எண்ண வேண்டா. அது சட்டம் தந்த உரிமை.

சட்டம் இருக்கிறது, பணம் இருக்கிறது, பயிற்சி நிலையமும் இருக்கிறது. பின் தடை எங்கே? நாம் வீடு வீடாகச் சென்று கேட்டபோது தெரிந்தவற்றைச் சொல்லுகிறோம்.

முதல் தடை செய்தி போய்ச் சேராமை. தண்டோரா போட்ட காலத்தில் ஊர்க் கோடிக்கும் ஒலி கேட்டது. இப்போது கைப்பேசிக் குழுவில் அறிவிப்பைப் போட்டுவிட்டுக் கடமை முடிந்தது என்று இருந்துவிடுகிறோம். கைப்பேசி இல்லாதவருக்கும், படிக்கத் தெரியாதவருக்கும், கண் தெரியாதவருக்கும் அச்செய்தி எப்படிச் சேரும்?

இரண்டாவது காகிதம். சாதிச் சான்று இல்லை; ஆதாரில் பெயர் ஒருவிதம், குடும்ப அட்டையில் மற்றொருவிதம்; மாற்றுத்திறனாளி அடையாள அட்டை பெற மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும். அன்றாடம் கூலிக்குப் போகிறவர் ஒரு சான்றுக்காக மூன்று நாள் கூலியை இழக்க நேர்கிறது.

மூன்றாவது வழி. சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று 2021-ஆம் ஆண்டு அரசு ஆணையிட்டதும், அச்சலுகை மாற்றுத்திறனாளிகளுக்கும் திருநங்கையருக்கும் விரிந்ததும் பெரிய உதவி. ஆயினும் பேருந்து வருவது சாலைக்கு. வீட்டுக்கும் சாலைக்கும் இடையில் உள்ள வண்டிப்பாதைக்கு எந்தத் திட்டமும் வருவதில்லை.

நான்காவது வீட்டுப் பொறுப்பு. குழந்தையை யார் பார்ப்பது? படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு யார் கஞ்சி கொடுப்பது? தங்கிப் படிக்கும் பயிற்சி என்றால் பெரும்பாலான தாய்மார் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

ஐந்தாவது நம் வாய்ச்சொல். "உனக்கு எதற்கு இது?" என்ற ஒரு சொல்லுக்கு எத்தனையோ பேரைத் திண்ணையோடு நிறுத்திவிடும் வலிமை இருக்கிறது. அச்சொல் நமது ஒன்றியத்தில் நம் சார்பாகவே சொல்லப்பட்டது என்பதை நாம் மறக்கவில்லை.

கொத்தடிமையிலிருந்து மீண்டவர்களைப் பற்றித் தனியே ஒரு சொல். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இலேயே வந்துவிட்டது. ஆயினும் வட மாவட்டங்களில் அரிசி ஆலைகளிலிருந்தும் செங்கற்சூளைகளிலிருந்தும் மரம் வெட்டும் இடங்களிலிருந்தும் இருளர் குடும்பங்கள் பின்னரும் பலமுறை மீட்கப்பட்டிருக்கின்றன. 2016-ஆம் ஆண்டு மாற்றியமைத்த மறுவாழ்வுத் திட்டம் மீட்கப்பட்ட ஆண் ஒருவருக்கு 1 இலட்சம் ரூபாயும், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 இலட்சம் ரூபாயும், மிகக் கொடிய நிலையில் இருந்தோருக்கு 3 இலட்சம் ரூபாயும் என வகுத்தது. தொகை கைக்கு வந்தாலும், நிலையான பிழைப்பு அமையாவிட்டால் அடுத்த முன்பணம் அவர்களைப் பழைய இடத்துக்கே இழுத்துச் சென்றுவிடும்.

இவ்விடத்தில் இன்னொன்றும் கருதத்தக்கது. பயிற்சிக்கு வருகிறவர் ஒன்றும் அறியாதவர் என்று நாம் எண்ணிக்கொள்ளுகிறோம். 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பின் பாம்புத்தோல் வாணிகம் நின்றபோது இருளர்களின் பிழைப்பு முறிந்தது. 1978-ஆம் ஆண்டு அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. பாம்பைக் கொல்லாமல் பிடித்து, நஞ்சை எடுத்துக்கொண்டு, மறுபடியும் காட்டில் விடுவது அதன் தொழில். அந்நஞ்சு பாம்புக்கடி மருந்து செய்யப் பயன்பட்டு, வயலில் கடிபட்ட உழவரின் உயிரைக் காக்கிறது. பரம்பரையாக வந்த அறிவுக்கு உரிமமும் சந்தையும் கிடைத்தன, தொழில் நிமிர்ந்தது. ஆகவே, "உனக்கு என்ன தெரியாது?" என்பதை விட்டு, "உனக்கு என்ன தெரியும்?" என்று முதலில் கேட்போமாக.

இனி, நாம் வேண்டிக்கொள்ளுவன நான்கு.

ஒன்று: ஒவ்வோர் ஊராட்சியிலும் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். மக்கள் நிலை ஆய்வில் கண்டெடுத்த பட்டியலை அடிப்படையாகக் கொண்டு, வேலைக்குப் போக இயலாமல் இருப்பவர் யார், அவர் அறிந்த தொழில் என்ன, அவருக்கு உள்ள தடை என்ன என்று மூன்று பத்தி எழுதுங்கள். கடிதம் வந்தபின் பெயர் தேடாமல், பெயரை வைத்துக்கொண்டு கடிதத்துக்குக் காத்திருங்கள். ஒருவருடைய நோயையோ குடும்பத் துன்பத்தையோ கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டா. அது அவருடைய மானம்.

இரண்டு: ஆண்டுக்கு ஆறுமுறை கூடும் கிராம சபையில், சென்ற முறை பயிற்சிக்குச் சென்றவர் எத்தனை பேர், அவர்களில் வேலையில் நிலைத்தவர் எத்தனை பேர் என்று கேளுங்கள். நம்மையும் கேளுங்கள். ஊராட்சிகளில் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க வகைசெய்யும் திருத்தத்தைச் சட்டமன்றம் 2025-ஆம் ஆண்டு நிறைவேற்றியது. அவ்வாறு வருகிறவரை நாற்காலியில் அமர்த்தி மாலையிடுவதோடு நின்றுவிடாமல், இந்த நோட்டுப் புத்தகத்தை அவர் கையில் கொடுங்கள்.

மூன்று: சான்றிதழ் வேலையை ஒரே நாளில் முடிக்க, வருவாய்த் துறையாரையும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரையும் உங்கள் ஊருக்கே அழைத்து வருவது நமது பொறுப்பு. வர வேண்டியவர்களை அன்றைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது உங்கள் பொறுப்பு.

நான்கு: பயிற்சி முடிந்தபின் ஓராண்டுக் காலம் கைவிடாதீர்கள். ஒரகடத்துக்கோ திருப்பூருக்கோ வேலைக்குப் போன பிள்ளை இரண்டாம் மாதமே திரும்பிவிட்டால், சோம்பேறி என்று ஏசுவதற்கு முன் காரணம் கேளுங்கள். தங்கும் இடமா, உணவா, இரவுப் பணியா என்று தெரிந்தால் பாதிக்குமேல் சரிசெய்யக்கூடியவையே. ஊரிலேயே தொழில் தொடங்கியவருக்கோ வேலை வந்துகொண்டிருக்க வேண்டும். பள்ளிப் பிள்ளைகளின் இலவசச் சீருடைகளை மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துத் தருகின்றன. பயிற்சி பெற்ற பெண்ணை அச்சங்கத்தில் சேர்த்துவிடுவது ஒரு நாள் வேலை. அதன் பயன் பல்லாண்டு நிற்கும்.

திண்ணையில் கண்ட அப்பெண் என்னவானார் என்று நீங்கள் கேட்பீர்கள். அடுத்த அணி சேருமுன்பே பயிற்சி நிலையத்துக்கு எழுதி, மோட்டார் இயந்திரம் ஒன்றுக்கு ஏற்பாடு செய்தோம். குழந்தையை அவருடைய தாயார் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். இரவில் தங்காமல் வந்துபோக நிலையத்தார் இசைந்தனர். எஞ்சி நின்றது வீட்டிலிருந்து சாலை வரை இரண்டு கிலோமீட்டர். அதற்கு எந்தத் தலைப்பிலும் நிதி இல்லை. அந்த ஊர் உழவர் ஒருவர் நாள்தோறும் விடியற்காலையில் சாலையோரப் பால் சங்கத்துக்குப் பால் கொண்டு போகிறவர். தம் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு, பால் கேனோடு மூவராக மொபெட்டில் போக முடியாதென்று, மாட்டு வண்டியைப் பூட்டினார். முப்பது நாளும் அவ்வண்டி தவறவில்லை. மாலையில் அவரே காத்திருந்து திருப்பி அழைத்து வந்தார். அவர் இக்கூட்டத்தில் பின்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பெயரைச் சொன்னால் எழுந்து போய்விடுவார், ஆதலால் சொல்லவில்லை.

அப்பெண் இப்போது ஊரிலேயே தைக்கிறார். ஈட்டுவது பெருந்தொகை அன்று. பண்டிகை மாதங்களில் கூடும், மற்ற மாதங்களில் குறையும். ஆயினும் இவ்வாண்டு பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தபோது அவர் எவரிடமும் கடன் கேட்கவில்லை.

அந்த மாட்டு வண்டிக்கான செலவு நமது கணக்குப் புத்தகத்தில் எங்கும் இல்லை. அது இல்லாவிட்டால், எழுதியிருந்த மற்றச் செலவெல்லாம் வீணாகியிருக்கும். ஒவ்வோர் ஊரிலும் திண்ணையில் ஒருவர் அமர்ந்திருக்கிறார். இன்று ஊர் திரும்பியதும் அவரைத் தேடிப் போய், முதற்பெயராக நோட்டுப் புத்தகத்தில் எழுதுமாறு கேட்டுக்கொள்ளுகிறோம்.