கோல் காப்பாளர்: காத்தலும் காத்திருத்தலும்

உதைபந்தாட்ட மைதானத்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொருவர் நின்று ஆடுகின்றனர். அவருள் பதின்மருக்கு ஒரு நீதி. எஞ்சிய ஒருவருக்கு வேறொரு நீதி. முன்னணியில் ஆடுபவர் பத்து முறை குறி தவறிப் பதினோராம் முறை பந்தை வலைக்குள் செலுத்தினாராயின், அன்றைய வீரர் அவரே. கோல் காப்பாளரோ பத்து முறை பந்தைத் தடுத்துப் பதினோராம் முறை தவறவிட்டாராயின், அன்றைய தோல்விக்குக் காரணர் அவரே. 24 அடி அகலமும் 8 அடி உயரமும் கொண்ட கம்பங்களின் நடுவே அவர் தனித்து நிற்கிறார். அவருடைய உடையின் நிறமும் வேறு. அவருக்குள்ள உரிமையும் வேறு. அவர் மீது சுமத்தப்படும் பழியும் வேறு.

இவற்றினும் பெரிய கடுமை ஒன்று அவருக்குண்டு. முன்னணியிலோ நடுவணியிலோ ஆடுபவர் களைத்துவிட்டால் வேறொருவர் உட்புகுவார். ஓர் இடம் கிடையாவிடின் மற்றோரிடத்தில் ஆடவும் வாய்ப்புண்டு. காப்பாளருக்குரிய இடம் ஒன்றே ஒன்று. முதற் காப்பாளர் காயமடைந்தாலன்றி, அல்லது பெரும்பிழை செய்தாலன்றி, இரண்டாமவருக்கு அது கிட்டுவதில்லை. ஆதலின், காத்தல் என்னும் தொழிலைக் கற்குமுன் காத்திருத்தல் என்னும் பாடத்தைக் கற்க வேண்டியவர் அவர். சிறிய கல்லூரி ஒன்றில் ஆடித் தேறி, மேனிலைக்குச் செல்ல விரும்பும் காப்பாளருக்கு இப்பாடம் இரு மடங்கு அவசியமாகும். இதனை விளக்குவதற்கு ஐக்கிய அமெரிக்காவைப் போன்ற எடுத்துக்காட்டு வேறில்லை.

ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் சிறுவரை உதைபந்தாட்டத்திற் பயிற்றுவன பெரும்பாலும் கழகங்களே. ஐக்கிய அமெரிக்காவிலோ நெடுங்காலமாக அப்பணியைச் செய்துவந்தவை கல்லூரிகளாம். அங்குள்ள தேசியக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் தன் உறுப்பினரை மூன்று பிரிவுகளாக வகுத்துள்ளது. முதலாம் பிரிவில் ஆடவர் உதைபந்தாட்ட அணிகள் ஏறத்தாழ 200 உள. மூன்றாம் பிரிவிலோ 400க்கு மேற்பட்டவை உள. மூன்றாம் பிரிவுக் கல்லூரிகள் விளையாட்டுத் திறமைக்கெனப் புலமைப் பரிசில் எதுவும் வழங்குவதில்லை. இரண்டாம், மூன்றாம் பிரிவுகளைச் சேர்ந்தவற்றையும், முதலாம் பிரிவில் இருந்தும் புகழிலும் மாணவர் தொகையிலும் குறைந்தவற்றையும் ஈண்டுச் சிறு கல்லூரிகள் எனக் கொள்ளலாம்.

கணக்கை மறைத்துப் பயனில்லை. அந்நாட்டின் உயர்ந்த தொழில்முறைச் சுற்றான மேஜர் லீக், 1996இல் ஆரம்பமாயிற்று. 2025இல் அதில் 30 கழகங்கள் ஆடின. கழகம் ஒன்றுக்கு மும்மூன்று காப்பாளர் எனக் கொண்டாலும் இடங்கள் தொண்ணூறளவே. அவருள் மைதானத்தில் நின்று ஆடுவோர் முப்பதின்மர். அவ்விடங்களுக்கும் பிற நாட்டுக் காப்பாளர் போட்டியிடுகின்றனர். மறுபுறம், மூன்று பிரிவுகளிலும் எண்ணூறுக்கு மேற்பட்ட கல்லூரி அணிகள் உள. அணி ஒன்றுக்கு இருவரோ மூவரோ காப்பாளர் பயிலுகின்றனர். வாயில் எத்துணை ஒடுக்கமானது என்பதை இதனின்றும் உணரலாம்.

சிறு கல்லூரிக் காப்பாளருக்குள்ள குறைகள் மூன்று. முதலாவது, அவரை எதிர்த்து உதைப்போரின் வேகம் குறைவு. ஓராண்டில் நூறு பந்துகளைத் தடுத்தார் என்று ஏட்டில் எழுதப்பட்டிருக்கலாம். அந்த நூறும் எத்தகையன என்பதை ஏடு சொல்வதில்லை. மேனிலை ஆட்டத்தில் பந்து வருமுன்னரே கால்கள் இடம்பெயர்ந்திருத்தல் வேண்டும். பந்தைக் கண்ட பின் பாய்பவர் அங்கே பிந்தியவராவார். இரண்டாவது, கல்லூரிப் பருவம் குறுகியது. ஆகஸ்ட் மாதக் கடைசியிலே தொடங்கி, நவம்பர் அளவில் முடிந்துவிடும்; ஆட்டங்கள் ஏறத்தாழ இருபதே. மேஜர் லீக் கழகமோ வழமையான பருவத்தில் மாத்திரம் 34 ஆட்டங்கள் ஆடுகிறது. மூன்றாவது, காண்பாரின்மை. பெரிய பல்கலைக்கழக ஆட்டங்களுக்குக் கழகப் பயிற்சியாளர் தாமாகவே செல்வர். சிறு கல்லூரிக்கு அவரை யாரேனும் அழைத்து வருதல் வேண்டும்.

இவற்றுடன் காலத்தால் நேர்ந்த மாற்றமொன்றும் சேர்ந்துகொண்டது. தன் அணியினர் வேண்டுமென்றே காலால் உதைத்துத் தரும் பந்தைக் காப்பாளர் கையாற் பற்றலாகாது என்னும் விதி 1992இல் வந்தது. அது முதல், பந்தைத் தடுப்பவர் என்ற நிலைமாறி, ஆட்டத்தைப் பின்னிருந்து தொடக்குபவரென்ற நிலைக்குக் காப்பாளர் வந்துவிட்டார். கை தேர்ந்தும் கால் தேராதவரை மேனிலைக் கழகங்கள் இக்காலத்தில் எளிதில் ஏற்பதில்லை.

இவ்வளவு குறைகளிருந்தும் சிறு கல்லூரியை ஓர் இளைஞர் தேர்ந்தெடுப்பது ஏன்? பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் காப்பாளராகச் சேர்பவர் நான்கு ஆண்டுகளையும் வாங்கிலே அமர்ந்து கழித்தல் கூடும். சிறு கல்லூரியில் அவரே கம்பங்களின் நடுவே நிற்பார். மழையில் நனைந்த பந்து, முழங்கை பட நெருக்கி நிற்கும் எதிரி, கடைசி நிமிடத்தின் பதற்றம் ஆகியவற்றை வாங்கில் இருந்தவாறு கற்க இயலாது. அன்றியும், பலவீனமான அணியின் காப்பாளருக்கு வேலை அதிகம். அவருடைய தற்காப்பு வரிசை உடையுந்தோறும் அவர் தேறுகிறார்.

இனி, இவ்வொடுக்கமான வாயிலைக் கடந்த மூவரின் வரலாற்றை நோக்குதல் தகும்.

நியூ ஜேர்சி மாநிலத்திற் பிறந்த மாட் டேர்னர், 2010ஆம் ஆண்டு உலகக் கிண்ணப் போட்டியைக் கண்ட பின்னரே இவ்விளையாட்டில் முழு மனத்துடன் ஈடுபட்டவர். கொனெக்டிக்கட் மாநிலத்திலுள்ள பெயர்பீல்ட் பல்கலைக்கழகம் முதலாம் பிரிவைச் சேர்ந்ததெனினும் பெரும்புகழ் வாய்ந்ததன்று. அங்கும் முதலிரு ஆண்டுகளில் அவருக்குக் கிடைத்த ஆட்டங்கள் சிலவே. 2013இல் அயோனா கல்லூரிக்கெதிரான ஆட்டமொன்றில், குறுக்குக் கம்பத்திற் பட்டு உயரக் கிளம்பிய பந்து கீழே இறங்கிவர, அதனைப் பற்ற முயன்ற டேர்னர் கைநழுவவிட்டுத் தம் வலைக்குள்ளேயே புகவைத்தார். நாடெங்கும் தொலைக்காட்சியில் அது நகைப்புக்குரிய காட்சியாகக் காட்டப்பட்டது. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவருக்கு அதனினும் பெரிய தண்டனை வேண்டுவதில்லை.

2016இல் மேஜர் லீக் கழகங்கள் கல்லூரி ஆட்டக்காரரைத் தெரிவுசெய்தபோது அவர் பெயரை எவரும் அழைக்கவில்லை. நியூ இங்கிலாந்துக் கழகத்திற் பரீட்சார்த்தமாக ஆடி இடம்பெற்றார். அக்கழகம் அவரைக் கீழ்நிலை அணியாகிய றிச்மண்ட் கிக்கர்சுக்கு இரவலாக அனுப்பியது. 2018இலேதான் மேஜர் லீக்கில் முதன்முறை ஆடினார். 2021 ஜனவரியில் தேசிய அணிக்காக அவர் ஆடிய முதல் ஆட்டத்தில் தண்டனை உதையொன்றைத் தடுத்தார். அவ்வாண்டே மேஜர் லீக்கின் சிறந்த காப்பாளர் என்ற விருதும் அவரை வந்தடைந்தது. 2022இல் இங்கிலாந்தின் ஆர்சனல் கழகத்தில் சேர்ந்தார். அவ்வாண்டு இறுதியில் கட்டாரில் நடைபெற்ற உலகக் கிண்ணப் போட்டியில் ஐக்கிய அமெரிக்கா ஆடிய நான்கு ஆட்டங்களிலும் அவரே காப்பாளர். இங்கிலாந்தும் ஈரானும் அவரைக் கடந்து ஒரு கோலும் போட இயலவில்லை.

இரண்டாமவர் டிம் மெலியா. இவர் பயின்ற நியூ யோர்க் லோங் ஐலண்டிலுள்ள சி. டபிள்யூ. போஸ்ட் கல்லூரி அக்காலத்தில் இரண்டாம் பிரிவில் ஆடியது. மேஜர் லீக்கிற் புகுந்த பின்னரும் கழகம் விட்டுக் கழகம் மாறிப் பெரும்பாலும் வாங்கிலேயே காலங்கழித்தார். 2014இல் இவர் எந்தக் கழகத்துக்கும் உரியவரல்லர். காப்பாளர் காயமடைந்த கழகத்துக்கு அவசரத்தில் அனுப்புதற்கென லீக் நிருவாகம் வைத்திருந்த பொதுக் காப்பாளராக இருந்தார். மறுவீட்டாருக்கு உதவவென்று வாயிலில் நிற்பவரின் நிலை அது. 2015இல் கன்சாஸ் சிற்றிக் கழகம் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2017இல், தம் முப்பத்தொன்றாம் வயதில், மேஜர் லீக்கின் சிறந்த காப்பாளராக அவர் தெரிவுசெய்யப்பட்டார்.

மூன்றாமவர் பிலடெல்பியா நகரத்து ஜோன் மக்கார்தி. அந்நகரிலேயே உள்ள லாசால் பல்கலைக்கழகத்திற் பயின்றவர். 2022இல் லொஸ் ஏஞ்சலிஸ் கழகமொன்றில் இவர் இரண்டாம் காப்பாளர். அவ்வாண்டு நவம்பர் 5ஆம் திகதி நடைபெற்ற இறுதியாட்டத்தில் எதிரணி அவருடைய சொந்த ஊரான பிலடெல்பியா. மேலதிக நேரத்தில் முதற் காப்பாளர் கால் முறிந்து வீழ்ந்தார். அம்மோதலுக்காக மத்தியஸ்தர் அவருக்குச் சிவப்பு அட்டையும் காட்டினார். ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருக்க மக்கார்தி உட்புகுந்தார். உடனே பிலடெல்பியா ஒரு கோல் போட்டு முந்தியது. 128ஆம் நிமிடத்தில் லொஸ் ஏஞ்சலிஸ் அதனைச் சமன்செய்தது. தண்டனை உதைகளால் முடிவுகாண நேர்ந்தபோது மக்கார்தி இரு உதைகளைத் தடுத்தார். கிண்ணம் அவருடைய அணிக்குக் கிடைத்தது. ஆட்டத்தின் சிறந்த வீரர் என்ற மதிப்பு, அன்று காலையில் எவரும் எண்ணியிராத அவரைச் சேர்ந்தது. வாங்கில் இருந்த நாளெல்லாம் அவர் சும்மா இருந்தவரல்லர் என்பதற்கு அவ்விரு தடுப்புகளே சான்று.

இம்மூவரிடத்தும் பொதுவாகக் காணப்படுவது வயது. டேர்னர் உலகக் கிண்ணத்தில் ஆடியபோது அவருக்கு 28. மக்கார்தி அவ்விறுதியாட்டத்தில் ஆடியபோது 30. மெலியா விருது பெற்றபோது 31. கால்வேகத்தை நம்பி ஆடுவோர் தளரத் தொடங்கும் பருவத்திலேதான் காப்பாளர் கனிகிறார். பந்து எங்கு வரும் என்பதை முன்னுணரும் அறிவு ஆண்டுகளால் வருவது. சிறு கல்லூரிக் காப்பாளருக்குள்ள உண்மையான நம்பிக்கை இதுவே. இருபத்திரண்டு வயதில் அழைக்கப்படாமை முடிவான தீர்ப்பன்று.

எனினும், நம்பிக்கையைக் காட்டி நிலைமையை மறைத்தல் இளைஞருக்குச் செய்யும் நன்மையாகாது. கழகங்கள் தாமே சிறுவரைச் சேர்த்துப் பயிற்றும் வழக்கம் அமெரிக்காவிலும் இப்பொழுது வேரூன்றிவிட்டது. 2021இல் கேப்ரியல் சுலோனினா என்பவர் சிக்காகோ கழகத்துக்காக 17ஆம் வயதிலேயே மேஜர் லீக்கில் காப்பாளராக நின்றார். கல்லூரியை அவர் நாடவேயில்லை. ஆனால், மேஜர் லீக் கழகங்களின் இளநிலை அணிகளுக்கென 2022இல் வேறொரு சுற்றுப்போட்டி ஆரம்பிக்கப்பட்டமையால் கீழ்ப்படிகளில் இடங்கள் சில பெருகியும் உள்ளன. கோடை விடுமுறையில் மே முதல் யூலை வரை நடைபெறும் ஆட்டங்களிற் சேர்ந்து, பெரிய கல்லூரிகளின் முன்னணியினர் உதைக்கும் பந்துகளை எதிர்கொள்ளுதல், சிறு கல்லூரிக் காப்பாளர் தம்மைத் தாமே அளந்துகொள்ளவும் பிறர் கண்ணிற் படவும் உள்ள நல்வழியாகும்.

மகன் ஒருவன் இத்துறையை விரும்பும்போது பெற்றோர் கேட்க வேண்டிய கேள்வி, அக்கல்லூரியின் பெயர் பெரிதா என்பதன்று. அங்கு அவன் ஆடுவானா? காப்பாளருக்கெனத் தனிப் பயிற்சியாளர் உண்டா? பந்தாட்டமே இல்லாதொழியினும் அவன் விரும்பிக் கற்கத்தக்க கல்வி அங்கு உண்டா? இம்மூன்றுமே கேட்கத்தக்கவை. மூன்றாவது கேள்வியை இறுதியில் வைத்தமைக்குக் காரணம் அது சிறியதென்பதன்று. பெரும்பாலாருக்கு இறுதியில் எஞ்சுவது அதுவே. கம்பங்களை விட்டு வெளியேறும் நாளில் கையிற் பட்டம் உள்ளவன் வெறுங்கையனல்லன்.

எஞ்சிய சிலருக்கு அழைப்பு வரும். அது வரும் நாளையோ நேரத்தையோ எவரும் முன்கூட்டி உரைப்பதில்லை. மக்கார்திக்கு அது வந்தபோது கையுறைகளை அணிந்து உள்ளே ஓடுவதற்கு மாத்திரமே அவகாசம் இருந்தது, பயிலுவதற்கு இருக்கவில்லை.