வீட்டுச் சுவடிச்சாலை
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியன் ஒருவன் கணினியைப் பற்றிப் பேச எழுந்தமை கண்டு உங்களிற் சிலர் வியப்புறக்கூடும். எழுதியதை அழியாமற் காத்தல் என்னும் பழந்தொழிலைப் பற்றியே யான் பேசப் புகுகின்றேன். அத்தொழில் தமிழ் பயின்றார்க்கு உரியதேயாம்.

ஓலைச்சுவடிக்கு வாழ்நாள் வரையறை உண்டு. கறையானும் ஈரமும் அதனை அரிக்கும். இதனை நன்கு அறிந்த நம் முன்னோர், ஏடு பழுதுறுமுன் புதிய ஓலையிற் படியெடுத்து வைத்தனர். மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையர் (1855–1942) அவர்கள் 1887-இல் சீவக சிந்தாமணியையும், 1894-இல் புறநானூற்றையும் அச்சிட்டு வழங்க இயன்றது எங்ஙனம்? ஓர் ஏட்டிற் சிதைந்த பகுதி வேறோர் ஊரிலிருந்த மற்றோர் ஏட்டிற் கிடைத்தமையானன்றோ! ஐம்பெருங் காப்பியங்களுள் வளையாபதிக்கும் குண்டலகேசிக்கும் அப்பேறு வாய்த்திலது. சிற்சில செய்யுட்களே எஞ்சின. ஆகவே, ஒரு நூல் வாழ்வதும் மாய்வதும் படிகளின் தொகையையும், அவை இருக்கும் இடங்களின் தொகையையும் பொறுத்தன என்பது தெளிவு.

நிற்க. இன்று நம் இல்லங்களின் சுவடிகள் யாவை? மறைந்த பாட்டனாரின் நிழற்படம், மகளின் திருமணப் படங்கள், நிலப்பத்திரத்தின் நகல், பிள்ளைகளின் சான்றிதழ், கடைக்கணக்கு ஆகிய இவையெல்லாம் கணினியிலும் கைப்பேசியிலும் தங்கியுள்ளன. அவற்றிற் பெரும்பாலன ஒரே ஒரு படியாகவே உள்ளன. 1956-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்தார் வெளியிட்ட முதல் வன்தட்டுக் கருவி, 50 பெருந்தட்டுகளைக் கொண்டும் ஏறத்தாழ 50 லட்சம் எழுத்துக்களையே ஏற்றது. இன்று கடையில் விற்கும் 4 டெராபைட் ஹார்டு டிஸ்க் அதனினும் எட்டு லட்சம் மடங்கு ஏற்கும். கொள்ளளவு பெருகிற்று, அதனுடன் ஒரே வீழ்ச்சியில் இழக்கக்கூடிய பொருளும் பெருகிற்று என்பதை மறத்தலாகாது.

இனி, கடைக்காரர் ‘நாஸ்’ என்று கூறும் வலைச் சேமிப்புப் பெட்டியைப் பற்றிச் சிறிது கூறுவேன். இஃது ஒன்று, இரண்டு அல்லது நான்கு வன்தட்டுகளைத் தன்னுள் ஏற்கும் சிறு கணினியே. இதனை வீட்டு ரவுட்டருடன் கம்பியால் இணைத்துவிட்டால், வீட்டிலுள்ள கணினிகளும் கைப்பேசிகளும் தத்தம் கோப்புகளைத் தாமே இதன்கண் படியெடுத்து வைக்கும். வினாடிக்கு ஒரு கிகாபிட் செல்லும் கம்பியின் வழியே 100 கிகாபைட் அளவுள்ள படங்கள் ஏறக்குறைய 15 நிமிடத்திற் சென்று சேரும். வைஃபை வழியே பெரும்பாலும் காலம் நீளுமாதலின், முதற்படியைக் கம்பி வழியே எடுத்தல் நன்று.

இது யாவர்க்கும் இன்றியமையாததோ எனின், அன்று. ஒரு கணினியும் இரண்டு கைப்பேசிகளுமே உள்ள குடும்பத்திற்கு, மாறி மாறிப் பயன்படுத்தும் இரண்டு வெளி ஹார்டு டிஸ்குகளே போதுமானவை. பலர் பல கணினிகளில் வேலை செய்யும் வீட்டிற்கே பெட்டி பயன்படும். அயலார் வாங்கினர் என்பதற்காகக் கடன்பட்டு வாங்குதல் அறிவுடைமையன்று.

வாங்குவோர் நோக்க வேண்டியவை சில உள. முதலாவது, வீட்டிற்கு இரண்டு தட்டு ஏற்கும் பெட்டி பெரும்பாலும் போதும். இரண்டு 4 டெராபைட் தட்டுகளை ஒன்றுக்கொன்று கண்ணாடி நிழல்போல் அமைத்தால், கிடைக்கும் இடம் 4 டெராபைட்டே. ஒன்று பழுதாயினும் மற்றொன்று காக்கும். இரண்டாவது, தட்டு எழுதும் முறையைக் கேட்டறிக. சில தட்டுகளிற் பதிவு வரிகள் ஓடு வேய்ந்தாற்போல் ஒன்றன்மேல் ஒன்று சிறிது ஏறிக் கிடக்கும். இதனை எஸ்.எம்.ஆர். என்பர். பழுதான தட்டை மாற்றி மீண்டும் நிரப்புங்கால் இவை மிக்க தாமதம் செய்யும். ஆதலின், சி.எம்.ஆர். முறைத் தட்டே பெட்டிக்கு ஏற்றது. மூன்றாவது, மின்சாரம் திடீரென நிற்கும் ஊர்களில் யூ.பி.எஸ். இன்றிப் பெட்டியை இயக்கற்க. நான்காவது, அப்பெட்டியை இணையத்தில் எவரும் அணுகுமாறு திறந்து வைக்கற்க. 2022 ஜனவரியில் ‘டெட்போல்ட்’ என்னும் தீநிரல், அவ்வாறு திறந்துகிடந்த வீட்டுப் பெட்டிகளிற் புகுந்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது.

இவ்விடத்து ஒரு பெரும் மயக்கத்தை நீக்குதல் வேண்டும். தட்டுகளைக் கூட்டாக இயக்கும் முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயர். 1988-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் என்னும் மூவர் இதனை விளக்கிக் கட்டுரை வெளியிட்டனர். ஒரு தட்டுக் கெட்டாலும் வேலை தடைப்படாமல் நடக்க வேண்டும் என்பதே இதன் பயன். குழந்தை ஒரு படத்தை அழித்தால், அந்த நொடியே இரண்டு தட்டுகளிலும் அது அழியும். திருடன் பெட்டியைத் தூக்கிச் சென்றால் இரண்டும் போம். கைப்பேசியின் படங்களைத் தானே ஒத்திசைக்கும் கிளவுடு சேவையும் பெரும்பாலும் இத்தகையதே. இங்கு அழித்தது அங்கும் அழியும். ஆதலின், இவற்றைக் காப்புப்படி எனக் கருதி வாளாவிருத்தல் தகாது.

காப்புப்படிக்கு உரிய விதி எளியது. அமெரிக்க நிழற்படக் கலைஞர் பீட்டர் குரோ என்பார் ‘மூன்று, இரண்டு, ஒன்று’ என இதனைச் சுருங்கக் கூறிப் பரப்பினர். படிகள் மூன்று இருத்தல் வேண்டும். அவை இருவகைச் சாதனங்களில் இருத்தல் வேண்டும். அவற்றுள் ஒன்று வேற்றிடத்தில் இருத்தல் வேண்டும். 2015 டிசம்பரிற் சென்னையைச் சூழ்ந்த வெள்ளத்தை நினையுங்கள். கீழ்த்தளத்திற் புகுந்த நீர், கணினிக்கும் அதனருகிருந்த ஹார்டு டிஸ்குக்கும் வேறுபாடு காட்டுமோ? 2021 மார்ச் 10-ஆம் நாள் பிரான்சு தேசத்து ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஒரு பெரிய கணினி நிலையம் தீக்கிரையாயிற்று. அந்நிலையத்திலேயே மூலத்தையும் படியையும் வைத்திருந்தோர் இரண்டையும் ஒருங்கே இழந்தனர்.

படி எடுத்தலோடு கடமை முடிந்துவிடாது. ‘டாய் ஸ்டோரி 2’ என்னும் அமெரிக்கச் சித்திரப்படம் தயாராகிக் கொண்டிருந்த 1998-ஆம் ஆண்டில், ஒரு கட்டளைப் பிழையால் அதன் கோப்புகளிற் பெரும்பகுதி அழிந்தது. நிறுவனத்தார் எடுத்து வைத்த காப்புப்படியை நாடியபோது, அது சில காலமாகச் சரிவர இயங்கவில்லை என்பது அப்பொழுதே தெரிந்தது. மகப்பேற்றின் பொருட்டு வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சஸ்மன் என்னும் அம்மையார், தம் வீட்டுக் கணினியில் ஒரு படி வைத்திருந்தார். அப்படியே அப்படத்தைக் காத்தது. நீங்களும் மூன்று திங்களுக்கு ஒருமுறை, காப்புப்படியிலிருந்து ஐந்தாறு கோப்புகளை எடுத்துத் திறந்து பாருங்கள். திறந்து பாராத படி, படித்துப் பாராத ஏட்டை ஒக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு விண்ணப்பம். பல வீடுகளில் இவற்றின் கடவுச்சொல் குடும்பத் தலைவர் ஒருவர்க்கே தெரியும். அவர்க்கு ஓர் இடையூறு நேரின், பெட்டி நலமாயிருந்தும் அதன் பூட்டைத் திறப்பார் இலர். மறையாக்கம் செய்த தட்டிற்குக் கடவுச்சொல் இன்றேல், அதிலுள்ளதை மீட்பதற்கு வேறு வழியில்லை. ஆகவே, கடவுச்சொற்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிப் பத்திரங்களோடு பீரோவில் வையுங்கள். மனைவியும், வயது வந்த மகனும் மகளும் அதனை அறிந்திருப்பாராக. நகைப்பெட்டியின் சாவியை அறிந்தவர், நினைவுப்பெட்டியின் சாவியையும் அறிதல் முறையன்றோ?

இறுதியாக, நமது சங்கத்தின் முன் ஒரு கருத்தை வைக்கின்றேன். வெவ்வேறூர்களில் வாழும் நம் உறவினர் மும்மூன்று குடும்பமாக இணைந்து, ஒருவர் படியை மற்றவர் வீட்டில், மறையாக்கம் செய்து, வைத்துக் காக்கலாம். விழாவிற்கும் விசேடத்திற்கும் போகும்போது பழைய தட்டை மீட்டுப் புதிய தட்டைக் கொடுத்து வரலாம். இதற்கு மாதக் கட்டணம் இல்லை. நமது பத்திரிகையின் பழைய இதழ்கள், கல்வி உதவிநிதிக் கணக்கு, முதியோர் சொல்ல எழுதிய குடிவழிப் பட்டியல் ஆகியவற்றையும் இம்முறையிலேயே மூன்று ஊர்களில் வைத்தல் வேண்டும். இத்தகைய ஏற்பாட்டிற்கு ஓர் சிறு குழுவை இக்கூட்டத்திலேயே நியமிக்குமாறு அவைத்தலைவர் அவர்களை வேண்டுகின்றேன். முதியோர் நினைவிலுள்ளவற்றை எழுதிக்கொள்ளக் காலம் நமக்காகக் காத்திராது. அப்பணியை இளைஞர்கள் இத்திங்களிலேயே தொடங்குவாராக.