அவர்கள் மணி, எங்கள் மணி
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



தான்சானியா நாட்டில் ஈராண்டுகள் ஊதியம் பெறாமல் ஆசிரியப் பணி செய்த எங்களைப் பேசப் பணித்தீர்கள். நாங்கள் கற்பித்ததைவிடக் கற்றதே அதிகம்.

அங்கே ஆசிரியரை 'ம்வாலிமு' என்பர். அந்நாட்டின் முதல் அதிபர் ஜூலியஸ் நியரேரேயும் பள்ளி ஆசிரியராய் இருந்தவர். மக்கள் அவரை அப்பெயராலேயே அழைத்தனர். அந்த மதிப்பு எங்களுக்கும் கிடைத்ததும், எல்லாம் தெரிந்தவர்கள்போல் நடந்துகொண்டோம்.

ஒருமுறை பெற்றோர் கூட்டத்தை மாலை 4 மணிக்கு வைக்க எண்ணி, சுவாஹிலியில் 'நான்கு மணி' என்று மாணவர்களிடம் சொல்லியனுப்பினோம். அம்மக்களோ விடியலிலிருந்து மணியை எண்ணுபவர்கள். அவர்களுக்கு நான்கு மணி என்பது நமக்குக் காலை 10 மணி!

தாய்மார்கள் வயல்வேலையை விட்டு, கைக்குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு, காலையிலேயே வந்து மரத்தடியில் காத்திருந்தார்கள். ஏன் வந்தீர்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்களிடம் சொல்ல மாணவர்களுக்கும் துணிவில்லை. மாலையில்தான் உண்மை தெரிந்தது. தலைகுனிந்தோம். ஒரு மூதாட்டி எங்கள் கைகளைப் பற்றி, 'போலே, ம்வாலிமு' என்றார். வருந்துவோர்க்குச் சொல்லும் ஆறுதல் மொழி அது. காத்திருந்தவர் அவர், ஆறுதல் பெற்றவர்கள் நாங்கள்!

திராட்சைத் தோட்ட உவமையின் பதினோராம் மணியும் விடியலிலிருந்து எண்ணியதே. சிறுவயது முதல் கேட்டிருந்தும் அங்கே எங்களுக்கு நினைவு வரவில்லை.

பிற நாட்டிற்குப் பணிசெய்யப் போகும் நம் பிள்ளைகளே, முதலில் அவர்கள் மணியைக் கேட்டறியுங்கள், பாடம் பிறகு.