திட்டமிட்ட பயணமே தித்திக்கும்!

(பட்டிமன்றத் தலைப்பு: குடும்பச் சுற்றுலாவில் மகிழ்ச்சி தருவது திட்டமிட்ட பயணமா? திடீர்ப் பயணமா? 'திட்டமிட்ட பயணமே' என்ற அணியில் நிறைவாகப் பேசிய பேராசிரியரின் உரை.)

மாண்பமை நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! எந்தத் திட்டமும் இல்லாமல் எதிரே வந்து உட்கார்ந்திருக்கிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கம் நிறைந்திருக்கிற தாய்மார்களே, பெரியோர்களே! வீட்டிலே தொலைக்காட்சிக்கு முன்னால் அமர்ந்திருக்கிற அன்பு நெஞ்சங்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அன்பர் ஒரு போடு போட்டார். "திட்டம் போட்டால் அது ஆபீஸ். திட்டம் போடாமல் கிளம்பினால்தான் அது சுற்றுலா" என்றார். நீங்க எல்லாம் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். தட்டிக்கிட்டே அவர் கையைப் பார்த்தேன். நாலு பக்கம் குறிப்பு வச்சிருக்கார்! ஐயா, திட்டமே வேண்டாம்னு பேசுறதுக்கே உங்களுக்கு ஒரு திட்டம் வேண்டியிருக்கே! (பலத்த கைதட்டல்)

என் தங்கை மகன் கலிபோர்னியாவிலே வேலையா இருக்கான். ஓர் அக்டோபர் மாசம் போன் பண்ணினான். "மாமா, அம்மாவும் அப்பாவும் ஜூலையிலே இங்க வர்றாங்க. கார்லேயே கிராண்ட் கேன்யன், யெல்லோஸ்டோன் எல்லாம் சுத்திக் காட்டப் போறேன். இப்பவே ரூம் போடணும்" என்றான். எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. "டேய், ஜூலைக்கு அக்டோபர்லேயா? இங்க அந்த நேரத்துக்குள்ள பொண்ணு பார்த்து, நிச்சயம் பண்ணி, கல்யாணம் முடிச்சு, வளைகாப்புக்கே பத்திரிகை அடிச்சிடுவோமேடா!" என்றேன். (சிரிப்பு)

அப்புறம்தான் அவன் விளக்கினான். யெல்லோஸ்டோன் 1872-ஆம் ஆண்டிலேயே தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். ஏறக்குறைய 9,000 சதுர கிலோமீட்டர். நம்ம கள்ளக்குறிச்சி மாவட்டம் முழுவதையும் எடுத்துக்கிட்டா 3,500 சதுர கிலோமீட்டர் சொச்சம். அதாவது நம்ம மாவட்டத்தைப் போல இரண்டரை மடங்கு, ஒரே பூங்கா! கிராண்ட் கேன்யனிலிருந்து அங்கே போக 1,300 கிலோமீட்டருக்கு மேலே கார் ஓட்டணும். கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போய்த் திரும்புற தூரம்! பூங்காவுக்குள்ளே இருக்கிற விடுதியிலே தங்கணும்னா ஒரு வருஷத்துக்கு முன்னாலேயே இடம் பிடிக்கிறவங்க இருக்காங்க.

அந்தப் பூங்காவிலே ஒரு வெந்நீர் ஊற்று. ஓல்டு ஃபெயித்ஃபுல்னு பேரு. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு தடவை பூமியிலிருந்து பீறிட்டு மேலே அடிக்கும். அடுத்தது எத்தனை மணிக்குன்னு அங்கே கணக்குப் போட்டு அறிவிக்கிறாங்க. பத்து நிமிஷம் முன்னே பின்னே இருக்கும், அவ்வளவுதான். நடுவர் அவர்களே, பூமிக்குள்ளே கொதிக்கிற வெந்நீரே நேரம் சொல்லிட்டு வெளியே வருது. என் எதிரணி நண்பர்கள் மட்டும் "எப்போ கிளம்புவோம்னு எங்களுக்கே தெரியாது"ன்னு பெருமைப்படுறாங்க! (கைதட்டல்)

ஆனா அவன் சொன்ன கணக்கெல்லாம் எனக்குப் பெரிசாப் படலை. கடைசியா ஒரு கேள்வி கேட்டான் பாருங்க. "மாமா, நான் கேட்டா அம்மா உண்மையைச் சொல்லமாட்டாங்க. நீங்க சொல்லுங்க. அம்மாவால எவ்வளவு தூரம் நடக்க முடியும்?"

அந்தக் கேள்வியிலே நான் அப்படியே உட்கார்ந்துட்டேன். ஏன்னா, அதைக் கேட்காம ஒரு நாள் நான் மலை ஏறினவன். அந்தக் கதையை இந்த மேடையிலே சொல்லத்தான் வந்தேன்.

சுமார் பதினைந்து வருஷத்துக்கு முன்னாலே. அப்போ கள்ளக்குறிச்சி தனி மாவட்டம் இல்லை. விழுப்புரம் மாவட்டத்திலே இருந்தோம். தனி மாவட்டம் ஆனது 2019-லே. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலே பேப்பர் படிச்சுக்கிட்டு இருந்தேன். வெளியே மேகமூட்டம், குளிர்ந்த காத்து. எனக்கு உற்சாகம் பொங்கிடுச்சு. "எல்லாரும் கிளம்புங்க! கல்வராயன் மலைக்குப் போறோம், மேகம் அருவி பார்க்கிறோம்!" என்று ஆணையிட்டேன். எதிரணி சொல்ற அதே திடீர்ப் பயணம்!

என் குடும்பம், தம்பி குடும்பம், அம்மா, மொத்தம் ஒன்பது பேர். பக்கத்துத் தெருத் தம்பி வேன் கொண்டு வந்தான். நான் பேப்பரிலே மிச்சத்தைப் படிச்சு முடிச்சேன். அந்த முக்கால் மணி நேரத்திலே என் மனைவியும் தம்பி மனைவியும் என்ன செஞ்சாங்க தெரியுமா? ஒன்பது பேருக்குப் புளிச்சோறு கிளறினாங்க. துவையல் அரைச்சாங்க. பசங்களுக்கு மாற்றுத் துணி, துண்டு, தண்ணி, மலை ஏறும்போது வாந்தி வந்தா எலுமிச்சம்பழம், எல்லாம் எடுத்து வச்சாங்க.

தாய்மார்களே, நீங்களே சொல்லுங்க. எந்த வீட்டிலேயாவது திட்டமில்லாத பயணம்னு ஒண்ணு உண்டா? ஆம்பளை திட்டம் போடாம கிளம்புறான்னா, அந்த வீட்டுப் பொம்பளை அவனுக்கும் சேர்த்துத் திட்டம் போடுறான்னுதானே அர்த்தம்! (நீண்ட கைதட்டல்)

கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறினோம். 46 அடி உயரத்துக்குத் தண்ணி நிற்கிற அந்த அணையை எட்டிப் பார்க்கக்கூட வண்டியை நிறுத்தவிடலை நான். "போற வழியிலே சாப்பிட்டுக்கலாம்"னு சொன்னவன், சாப்பிடவும் நிறுத்தலை. "அருவிக்குப் போய் குளிச்சிட்டுச் சாப்பிட்டாத்தான் ருசி"ன்னு ஒரு விளக்கம் வேற! வண்டி போகிற வரைக்கும் போனோம். அதுக்கு மேலே காட்டுப் பாதையிலே நடக்கணும். அம்மா பாதையைப் பார்த்தாங்க. "நீங்க போய்ட்டு வாங்கப்பா. நான் வண்டியிலேயே இருக்கேன். எனக்கு என்ன அருவி!" என்றாங்க.

என் மனைவி கேட்டா, "ஏங்க, அத்தைக்கு ஒரு டப்பாவிலே சோறு எடுத்து வச்சுட்டுப் போகலாமா?" நான் சொன்னேன், "அரை மணியிலே திரும்பிடுவோம். வா, வா!"

டிரைவர் தம்பியும் "நானும் அந்த அருவியைப் பார்த்ததில்லை சார்"னு கூடவே வந்துட்டான். சோத்து மூட்டையும் எங்களோட வந்துடுச்சு. அம்மா மட்டும் வண்டியிலே.

அரை மணின்னு போனவங்க திரும்பி வர இரண்டரை மணி நேரம் ஆச்சு. வந்து பார்த்தா வண்டியிலே அம்மா இல்லை. எனக்குக் கால் தரையிலே நிற்கலை. செல்போனை எடுத்தா சிக்னல் இல்லை. "அம்மா, அம்மா"ன்னு கத்துறேன். கொஞ்ச தூரத்திலே ஒரு வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பெண் கை காட்டி கூப்பிட்டாங்க. ஓடிப் போய்ப் பார்த்தா, அம்மா திண்ணையிலே சாய்ஞ்சு கிடக்கிறாங்க. உடம்பெல்லாம் வேர்வை. கை நடுக்கம்.

அம்மாவுக்குச் சர்க்கரை நோய். காலையிலே சாப்பிடுறதுக்கு அரை மணி முன்னாலே மாத்திரை போடுவாங்க. அன்னைக்கும் போட்டுட்டாங்க. சாப்பாடுதான் எங்களோட அருவி பார்க்கப் போயிடுச்சு!

(அரங்கில் அமைதி)

அந்த மலைப் பெண் தேனைத் தண்ணியிலே கலக்கி ஒரு டம்ளர் குடிக்க வச்சிருக்காங்க. அப்புறம் கொஞ்சம் சாமைக் கஞ்சி. அவங்களுக்குச் சர்க்கரை நோயும் தெரியாது, மாத்திரைக் கணக்கும் தெரியாது. வயசான ஒரு அம்மா தனியா, பசியோட உட்கார்ந்திருக்காங்கன்னு மட்டும் தெரிஞ்சிருக்கு. கூடவே வந்த ஒன்பது பேர் கண்ணுக்குத் தெரியாதது, வழியிலே போன ஒரு பெண் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்கு. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "பெத்தவங்களை இப்படித் தனியா விட்டுட்டா போவீங்க?" நான் முனைவர் பட்டம் வாங்கினவன். அந்தக் கேள்விக்கு என்கிட்டே பதில் இல்லை.

நடுவர்: பேராசிரியரே, ஒரு சந்தேகம். அந்த அம்மாவைச் சந்திச்சது உங்க திட்டத்திலே இல்லையே! எதிர்பாராம கிடைச்ச நன்மை எதிரணிக் கணக்கிலே அல்லவா சேரும்? (சிரிப்பு, கைதட்டல்)

வாஸ்தவம்ங்க! அவங்க கிடைச்சது எங்க அதிர்ஷ்டம். அதிர்ஷ்டம் வந்தா இரண்டு கையாலேயும் வாங்கிக்கிறேன். ஆனா நடுவர் அவர்களே, அதிர்ஷ்டம் வந்து பார்த்துக்கும்னு பெத்த தாயை வண்டியிலே விட்டுட்டுப் போகலாமா? (பலத்த கைதட்டல்)

இன்னொண்ணும் நினைச்சுப் பாருங்க. கல்வராயன் மலை நம்ம கிழக்குத் தொடர்ச்சி மலையிலே ஒரு பகுதி. சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன்னு இரண்டு. தலைமுறை தலைமுறையா ஜாகீர்தார்கள் ஆதிக்கத்திலே இருந்த மலை. 1976-லேதான் அரசு நிர்வாகத்துக்கு வந்தது. சாலையும் பஸ்ஸும் ஆஸ்பத்திரியும் கீழே நமக்கு வந்த வேகத்திலே அங்கே வரலை. நமக்கு ஒரு நாள் உல்லாசம். அங்கேயே வாழ்கிற பழங்குடி மக்களுக்கு அது வீடு. அடுத்தவங்க வீட்டுக்குப் போறவன், அங்கே என்ன இருக்கும், என்ன இருக்காதுன்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டுப் போக வேண்டாமா?

நான் தமிழ் வாத்தியார். அன்னைக்கு ராத்திரி எனக்கு ஒரு நூல் ஞாபகம் வந்தது. வருஷா வருஷம் நான் பாடம் நடத்துற நூல், மலைபடுகடாம். பத்துப்பாட்டிலே ஒன்று. பெருங்கௌசிகனார் பாடியது. பாட்டுடைத் தலைவன் நன்னன். அவனுடைய ஊர் செங்கண்மா, நம்ம கல்வராயன் மலைக்கு வடக்கே இருக்கிற இன்றைய செங்கம்! கூத்தர்கள் தங்கள் சுற்றத்தோடு, இசைக்கருவிகளைச் சுமந்துக்கிட்டு மலை வழியா அவனைப் பார்க்கப் போறாங்க. அதாவது குடும்பத்தோடு நெடும்பயணம்!

அவங்களுக்குப் புலவர் என்ன சொல்றார்? 'உற்சாகமாக் கிளம்புங்க, எல்லாம் தானா நடக்கும்'னா சொல்றார்? எங்கே பாறை வழுக்கும், எங்கே பாம்பு வாழும் பள்ளம் இருக்கும், எங்கே பன்றிக்குப் பொறி வச்சிருப்பாங்க, எங்கே காவல்காரன் கவண் கல் எறிவான், எந்த ஊரிலே என்ன சாப்பாடு கிடைக்கும், அத்தனையும் சொல்லி அனுப்புறார். இரண்டாயிரம் வருஷம்னு சொல்கிறோமே, அந்தப் பழமையிலேயே பயணத் திட்டம் போட்ட இனம் ஐயா நம்ம இனம்! (கைதட்டல்)

அதிலே ஒரு இடம். பாதை பிரிகிற இடத்துக்கு வந்தா, வழியைச் சரிசெஞ்சு, புல்லை முடிச்சுப் போட்டு அடையாளம் வச்சுட்டுப் போங்க என்கிறார் புலவர். எதுக்கு? பின்னாலே வர்றவங்க வழி தவறக் கூடாது! இத்தனை வருஷம் அந்த இடத்தை மாணவர்களுக்குப் பொருள் சொல்லி நடத்தினேனே தவிர, அதன்படி நடக்கலை. முன்னாலே ஓடுறவனுக்கு வழி போதும். பின்னாலே வர்றவங்களை நினைக்கிறவனுக்குத்தான் திட்டம் தேவைப்படும்.

அடுத்த தை மாசம். மழை ஓய்ஞ்சிருந்தது. வீட்டிலே எல்லாரையும் உட்கார வச்சேன். ஒரு தாளை எடுத்தேன். யார் யார் வர்றோம்? யாருக்கு எது முடியாது? எத்தனை மணிக்குச் சாப்பாடு? எத்தனை மணிக்கு மாத்திரை? பெண்களுக்குக் கழிவறை வசதி எங்கே இருக்கு? இருட்டுறதுக்கு முன்னாலே எப்போ இறங்கணும்? எல்லாம் எழுதினோம். கோமுகி அணையிலே நிறுத்திச் சாப்பிடணும். மேகம் அருவி இந்தத் தடவை வேண்டாம், சாலை ஓரத்திலேயே இருக்கிற பெரியார் அருவி போதும். பசங்களுக்குக் கரியாலூரிலே படகு. சமையல் யாருன்னு கேட்டப்போ என் மனைவி என்னைப் பார்த்தா. புளிச்சோறு நான் கிளறினேன். ருசியைப் பத்தி யாரும் கேட்காதீங்க! (சிரிப்பு)

கடைசியா அம்மாவைக் கேட்டேன். "அம்மா, உனக்கு எங்கே போகணும்?" அம்மா வழக்கம்போல "எனக்கு என்னப்பா, நீங்க போற இடம்தான்" என்றாங்க. நான் விடலை. மறுபடியும் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போகணும்பா. அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுக்கணும்" என்றாங்க.

போனோம். அம்மாவுக்கு அவங்களை உடனே அடையாளம் தெரிஞ்சது. அவங்களுக்கும்தான். நாங்க அருவியும் படகும் பார்த்துட்டு வர்ற வரைக்கும் அம்மாவும் அவங்களும் அதே திண்ணையிலே உட்கார்ந்து பேசிக்கிட்டே இருந்தாங்க. இந்தத் தடவை என் தம்பி மனைவி கூடவே இருந்தா. சோத்து டப்பாவும் இருந்தது. திரும்பும்போது அந்த அம்மா ஒரு துணியிலே கடுக்காய் முடிஞ்சு கொடுத்தாங்க. அம்மா அந்த அருவியையும் பார்க்கலை, ஏரியையும் பார்க்கலை. ஆனா வீட்டுக்கு வந்து ஒரு மாசம் அந்தப் பயணத்தைப் பத்தியே பேசினாங்க.

(மணி ஒலிக்கிறது)

முடிச்சுடறேன் நடுவர் அவர்களே! அம்மா இப்போ இல்லை. நாங்க திட்டம் போட்ட அந்தத் தாள் மட்டும் இன்னும் என் டைரியிலே இருக்கு. அதிலே கடைசி வரி, "அம்மா – அந்தப் பெண் வீடு – புடவை". நான் கேட்காம இருந்திருந்தா அந்த வரி இல்லை. அந்த ஆசை அவங்க மனசுக்குள்ளேயே போயிருக்கும்.

"எனக்கு ஒண்ணும் வேண்டாம்"னு சொல்ற ஒருத்தர் எல்லா வீட்டிலேயும் இருக்காங்க. அவங்களை இரண்டாவது தடவை கேட்கிறதுக்குப் பேர்தான் திட்டம். திடீர்னு கிளம்புறவனுக்கு அந்த இரண்டாவது தடவை கேட்க நேரம் இருக்காது. ஆகவே, குடும்பச் சுற்றுலாவிலே குடும்பம் முழுவதுக்கும் மகிழ்ச்சி தருவது திட்டமிட்ட பயணமே, திட்டமிட்ட பயணமே என்று நல்ல தீர்ப்பைத் தாருங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன். (நீண்ட கைதட்டல்)