மருந்தும் சொல்லும்: கெட்டமைன் துணையுடன் உளச்சிகிச்சை



ஈப்போவுக்கு அருகிலுள்ள தஞ்சோங் ரம்புத்தானை நாம் அனைவரும் அறிவோம். ஊராக அறிந்ததைவிட வசவாக அறிந்ததே மிகுதி. வகுப்பில் ஒரு மாணவன் சற்று வேறுபட்டு நடந்தால், "இவனைத் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்புங்கள்" என்று நகைக்கும் குரல் எங்கிருந்தோ எழுகிறது. 1911ஆம் ஆண்டில் அங்குத் தோன்றிய மனநல மருத்துவமனையே இவ்வசவுக்கு மூலம். 1971இல் அதற்குப் பஹாகியா மருத்துவமனை என்று பெயர் மாற்றினார்கள். அம்மலாய்ச் சொல்லுக்கு மகிழ்ச்சி என்பது பொருள். பெயர் மாறியது, வசவு மாறவில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், கெட்டமைன் என்னும் மருந்தின் துணையோடு செய்யப்படும் உளச்சிகிச்சை. மொழி மன்றத்தில் மருந்தைப் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணலாம். அச்சிகிச்சையின் ஒரு பாதியை மருந்து செய்கிறது; மறு பாதியை மொழி செய்கிறது. அதுவே என் விடை.

கெட்டமைனை 1962இல் அமெரிக்காவின் பார்க்-டேவிஸ் நிறுவனத்துக்காக உருவாக்கியவர் கால்வின் ஸ்டீவன்ஸ் என்னும் வேதியியலார். 1970இல் அது மயக்க மருந்தாக அந்நாட்டில் ஒப்புதல் பெற்றது. நோயாளியின் மூச்சைப் பெரிதும் தளர்த்தாமல் வலியை நீக்குவதால், போர்க்களத்திலும் வசதி குறைந்த மருத்துவமனைகளிலும் அது பெரிதும் பயன்பட்டது. உலகச் சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலிலும் அதற்கு இடம் உண்டு.

2000ஆம் ஆண்டில் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்கள், மனச்சோர்வு நோய் கொண்ட ஒரு சிறு குழுவினருக்கு, மயக்கம் உண்டாகாத சிறிய அளவில் அம்மருந்தைச் செலுத்திப் பார்த்தார்கள். மூன்று நாள்களுக்குள் அவர்களது சோர்வு குறைந்தது. வழக்கமான மனச்சோர்வு மருந்துகள் பயன் தர வாரக்கணக்கில் ஆகும் என்பதை அறிந்தோர்க்கு இது வியப்பளித்தது. 2019இல் இதன் ஒரு வடிவமாகிய எஸ்கெட்டமைன், மற்ற மருந்துகளுக்கு இணங்காத மனச்சோர்வுக்கென, மூக்கில் தெளிக்கும் மருந்தாக அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அது எவ்வாறு செயற்படுகிறது? நரம்பணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பப் பயன்படுத்தும் வேதிப்பொருள்களுள் ஒன்று குளூட்டமேட். அதனை ஏற்கும் ஒருவகை வாயிலைக் கெட்டமைன் அடைக்கிறது. அதன்பின் நரம்பணுக்களுக்கு இடையே புதிய இணைப்புகள் துளிர்ப்பதை விலங்காய்வுகள் காட்டியுள்ளன. ஆயினும் ஒருமுறை செலுத்திய மருந்தின் பயன் பெரும்பாலும் சில நாள்களில் மங்கிவிடும். மனம் இளகியிருக்கும் அச்சில நாள்களில் நோயாளியோடு பேசி, வாழ்வை வேறு விதமாகக் காண அவருக்குத் துணை நிற்பதே உளச்சிகிச்சையாளரின் பணி.

இம்முறையை விரிவாகக் கையாண்டவர்களுள் ஒருவர் ரஷ்ய மருத்துவர் எவ்கெனி குருபிட்ஸ்கி. அவர் 1980களின் நடுப்பகுதியிலிருந்து குடிநோயாளிகளுக்கு இச்சிகிச்சையை அளித்தார். மருந்துக்கு முன் உரையாடல்; மருந்தின்போது அருகிலிருந்து வழிநடத்தல்; அதன்பின் மீண்டும் உரையாடல். சிகிச்சை நாளன்று மாலையில், தாம் கண்டதையும் உணர்ந்ததையும் நோயாளி தம் கையால் எழுத வேண்டும். 1997இல் வெளியான அவரது கட்டுரையின்படி, இச்சிகிச்சை பெற்ற 111 பேரில் ஏறத்தாழ 66 விழுக்காட்டினர் ஓராண்டு குடியாமல் இருந்தனர். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்ற 100 பேரில் 24 விழுக்காட்டினரே அவ்வாறு இருந்தனர். இக்கால ஆய்வுகளுக்குரிய கட்டுப்பாடுகள் அதில் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் 96 பேரைக் கொண்டு நடந்து 2022இல் வெளியான கட்டுப்பாடுள்ள ஆய்வில், கெட்டமைன் பெற்றோர் ஆறு மாதங்களில் கூடுதலான நாள்கள் குடியாமல் இருந்தனர். எனினும் மீண்டும் குடிக்கத் தொடங்கியோரின் எண்ணிக்கையில் தெளிவான வேறுபாடு காணப்படவில்லை. நம்பிக்கைக்கு இடம் உண்டு, மிகைப்படுத்த இடமில்லை.

குடிநோய் என்றதும் நம் தோட்ட வரலாறு நினைவுக்கு வராமல் இராது. குடியேற்ற ஆட்சிக் காலத்தில் தோட்டந்தோறும் கள்ளுக்கடை இருந்தது. 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் அவர்களது கோரிக்கைகளுள் ஒன்று. 1947இல் கெடாவில் தொண்டர் படை இளைஞர்கள் கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். குடியின் கேட்டை நம் முன்னோர் உணராதவர் அல்லர். பின்னாளில் கள்ளின் இடத்தைச் சம்சு பிடித்தது. பேராக்கில் பால்மரம் நின்ற நிலங்களில் செம்பனை வந்தது. வீடமைப்புத் திட்டங்கள் வந்தன. லயங்களும் கோயிலும் பெரட்டுக் களமும் சூழ வாழ்ந்த குடும்பங்கள், நகர்ப்புற மலிவு விலை வீடுகளுக்குச் சிதறின.

தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், அழுகை தோன்றுவதற்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகிறது. பிறரால் இகழப்பட்டு எளியராதல், உற்றாரையும் உடையவற்றையும் இழத்தல், முன்னிருந்த நிலை கெட்டு வேறாகி வருந்துதல், வறுமை என அவற்றை விளக்கலாம். தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு முதியவரின் வாழ்வில் இந்நான்கும் ஒருங்கே இருக்கக்கூடும். மூன்றாவதற்கு 'அசைவு' என்று பெயரிட்ட மொழி நம்முடையது. துயரத்தை வகுத்தறியும் சொல்வளம் தமிழுக்கு இல்லை என்று எவரும் சொல்ல இயலாது.

ஆனால் அவ்வளம் இன்று எவர் நாவில் இருக்கிறது? லயத்தில் வளர்ந்த ஒரு மூதாட்டி மருத்துவரிடம் "எனக்கு மனச்சோர்வு" என்று சொல்வதில்லை. "நெஞ்சு அடைக்குது, தலை கனக்குது, ஒரு வேலையும் ஓடல" என்கிறார். வேற்றுமொழியில் அது குறிக்கப்படும்போது நெஞ்சுவலியாகவும் தலைவலியாகவும் மாறிவிடலாம். இதயச் சோதனைக்குப் பின் அவர் வீடு திரும்பிவிடலாம். மருந்துக்குப்பின் மனத்தில் தோன்றியதைப் பேசவும் எழுதவும் வேண்டிய ஒரு சிகிச்சையில், தாய்மொழியில் கேட்பார் இல்லையெனில் பாதிச் சிகிச்சை நிகழாமலே போகும்.

இங்கு ஓர் எச்சரிக்கையும் தேவை. கெட்டமைன் இரத்த அழுத்தத்தை உயர்த்தும். தன் உடலிலிருந்து தான் விலகி நிற்பது போன்ற உணர்வை உண்டாக்கும். போதைக்காகத் தொடர்ந்து பயன்படுத்துவோரின் சிறுநீர்ப்பையைச் சிதைக்கும். மலேசியாவில் அது கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவக் கண்காணிப்பின்றி வீட்டில் பயன்படுத்துவதன் இடரைக் குறித்து 2023இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகமும் எச்சரித்தது. ஆகவே இதனை எல்லார்க்கும் உரிய அருமருந்தாக நான் பரிந்துரைக்கவில்லை.

நான் வேண்டுவது வேறு. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, 16 வயதும் அதற்கு மேலும் உடையோரில் ஏறத்தாழ 10 இலட்சம் பேர் மனச்சோர்வுக்கு ஆளாகியிருப்பதாகக் கூறியது. அதே ஆண்டில், தற்கொலை முயற்சியைக் குற்றமாகக் கருதிய சட்டப்பிரிவை நீக்க நம் நாடாளுமன்றம் வாக்களித்தது. துன்புறுவோரைக் குற்றவாளி என்று அழைப்பதைச் சட்டமே கைவிட்டுவிட்டது. வகுப்பறை மட்டும் பழைய வசவைச் சுமந்துகொண்டிருக்கலாமா?

ஆசிரியப் பெருமக்களே, தஞ்சோங் ரம்புத்தான் என்று ஒரு மாணவன் மற்றவனை நகைக்கும்போது, பாடத்தைச் சற்று நிறுத்தி, அது நோயுற்றோரைக் காக்கும் இடம் என்று சொல்லுங்கள். கட்டுரைப் பயிற்சியில் 'நான் அஞ்சிய ஒரு நாள்', 'நான் இழந்த ஒன்று' போன்ற தலைப்புகளையும் தாருங்கள். "மனசு சரியில்லை" என்று ஒரு பிள்ளை சொன்னால், "படித்தால் சரியாகிவிடும்" என்று முடித்துவிடாமல், எவ்வாறு சரியில்லை என்று கேளுங்கள். தேவையெனின் பள்ளி ஆலோசகரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாணவர்களே, சுகாதார அமைச்சின் 15555 என்னும் உதவி எண்ணை நினைவில் வையுங்கள். உங்களுக்காக இல்லாவிடினும் ஒரு நண்பனுக்கு அது தேவைப்படலாம்.

உங்களில் சிலர் நாளை மருத்துவராகவோ உளவியலாளராகவோ உலு கிந்தாவில் பணியாற்றக்கூடும். அந்நாளில் ஒரு தமிழ் முதியவர் தம் நெஞ்சடைப்பைத் தம் சொற்களிலேயே சொல்ல, அதனைப் புரிந்துகொண்டு அவரோடு அமர்ந்து கேட்பவர் நீங்களாக இருக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.