பதினான்கு வேளை

போன மழைக்காலத்தில் ஓர் இரவு. எங்கள் வீட்டுப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி உண்டு. அதற்குள் எங்கள் பூனை சின்னு ஒடுங்கிக் கிடந்தது. கண் இரண்டிலும் நீர் வடிகிறது, மூக்கு அடைத்திருக்கிறது, மூச்சு கர் கர்ரென்று இழுக்கிறது. கால்நடை மருத்துவர் பார்த்துவிட்டு டாக்சிசைக்ளின் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். காலையில் ஒரு துண்டு, இரவில் ஒரு துண்டு, ஏழு நாளைக்கு. மொத்தம் பதினான்கு வேளை.

முதல் வேளைக்கு நாங்கள் மூன்று பேர் நின்றோம். தம்பி கால்களைப் பிடித்துக்கொண்டான். அம்மா டார்ச் அடித்தார். நான் வாயைத் திறந்தேன். சீறல், உறுமல், கையெல்லாம் கீறல். எப்படியோ மாத்திரை உள்ளே போய்விட்டது. அப்பாடா என்று உட்கார்ந்தோம். மறுநாள் காலை மாத்திரை அட்டையின் தாளைக் கிழிக்கும் சத்தம் கேட்டதுமே சின்னு ஓடி மறைந்தது. அதையாவது எதிர்பார்த்திருந்தேன். சாயங்காலம் சாப்பாட்டுத் தட்டை வைத்தபோதும் வரவில்லை, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கண் திறக்காத குட்டியாக வந்து, என் உள்ளங்கையில் வளர்ந்த பூனை அது. தட்டு வைக்கும் கைக்கும் வாயைத் திறக்கும் கைக்கும் அன்று அதற்கு வித்தியாசம் தெரியவில்லை.

எங்கள் தெருவில் அரசு கால்நடை மருந்தகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டர் இருக்கிறார். அவரிடம் போய்ச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: "ஏம்மா, முதல் வேளையைக் கொடுக்கிறப்பவே மீதிப் பதிமூணு வேளையையும் மனசுல வெச்சுக்கணும். நீங்க ஒரு வேளையை ஜெயிச்சுட்டு பதிமூணைத் தோத்துட்டீங்க."

அன்று அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கற்றுக்கொண்டதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள வந்திருக்கிறேன்.

மாடு ஆடுகளுக்கு மருந்து கொடுப்பதை நம்மில் பலர் பார்த்து வளர்ந்திருக்கிறோம். தலையை உயர்த்திப் பிடித்து, மூங்கில் குழாயில் மருந்தை ஊற்றி, கடைவாயில் கவிழ்ப்பார்கள். கைக்குழந்தைக்கு மடியில் சாய்த்து வைத்துச் சங்கில் புகட்டுவோம். இந்த இரண்டு பழக்கமும் நம் கையில் ஊறியவை. பூனையிடம் போகும்போதும் அந்தக் கைதான் முந்திக்கொள்கிறது. நாலு கிலோ எடை உள்ள ஒரு சின்ன உயிரை அண்ணாந்து பார்க்க வைத்து வாயில் ஊற்றினால் மருந்து மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும், நுரையீரலில் சளிக்காய்ச்சல் கட்டிக்கொள்ளும். விளக்கெண்ணெய், தேங்காயெண்ணெய் போன்றவை இன்னும் மோசம். எண்ணெய் தொண்டையில் வழுக்கி இறங்குவதால் இருமல்கூட எழாமல் நுரையீரலுக்குப் போய்ச் சேர்ந்துவிடும். மலச்சிக்கல் என்று சொல்லிப் பூனைக்கு எண்ணெய் புகட்டுகிறவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்திவிட வேண்டும்.

இன்னொரு பழக்கமும் நமக்கு உண்டு. கசப்பு மருந்து என்றால் தேனில் குழைப்போம், சர்க்கரை தூவுவோம். பூனையிடம் அது பலிக்காது. பூனையின் நாக்குக்கு இனிப்பே தெரியாது. இனிப்பை உணரத் தேவையான இரண்டு மரபணுக்களில் ஒன்று பூனைக் குடும்பத்தில் வேலை செய்யாமல் போய்விட்டது என்று அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரத்து மோனெல் ஆய்வு நிலையத்தைச் சேர்ந்தவர்கள் 2005-இல் கண்டு சொன்னார்கள். புலிக்கும் அப்படித்தான். தேன் பூனைக்கு வெறும் பிசுபிசுப்பு. கசப்போ நன்றாகவே தெரியும். மெட்ரோனிடசோல் போன்ற கடுங்கசப்பு மாத்திரை நாக்கில் பட்டால் பூனை நுரை நுரையாக எச்சில் வடிக்கும். அதைப் பார்த்து விஷம் ஏறிவிட்டதென்று பதறுகிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அது கசப்பைத் துப்பும் எச்சில்தான். கொஞ்சம் மீன் சாறு நக்கக் கொடுத்தால் அடங்கிவிடும்.

நேயர்களே, பூனை வேட்டையாடுகிற பிராணி மட்டுமன்று, தன்னைவிடப் பெரிய பிராணிகளுக்கு இரையாகிற பிராணியும்கூட. மேலிருந்து ஒரு பெரிய உருவம் கவிழ்ந்து அசையவிடாமல் அழுத்தினால், உயிர் போகப்போகிறது என்பதைத் தவிர அதற்கு வேறொன்றும் தோன்றாது. மூன்று பேர் சூழ்ந்து நின்றதற்குப் பதிலாக நான் ஒருத்தியே போயிருந்தால் சின்னு அவ்வளவு மிரண்டிருக்காது. பிடரியைக் கொத்தாகப் பிடித்துத் தூக்குவதையும் மருத்துவர்கள் இப்போது வேண்டாம் என்கிறார்கள். தாய்ப்பூனை குட்டியைத்தான் அப்படித் தூக்கும். வளர்ந்த பூனைக்கு அது வலி, பயம்.

சரி, எப்படிக் கொடுப்பது?

சாப்பாட்டோடு போகுமென்றால் அதுவே முதல் வழி. ஆனால் எல்லா மாத்திரைக்கும் இது பொருந்தாது. சிலவற்றைப் பொடிக்கக் கூடாது, சிலவற்றை வெறும் வயிற்றில்தான் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்கும்போதே டாக்டரிடம் கேட்டுவிடுங்கள். சின்னுவின் மருந்தைப் பாலிலோ தயிரிலோ கொடுக்கக் கூடாது. பாலில் உள்ள சுண்ணாம்புச் சத்து டாக்சிசைக்ளினைப் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் குறைத்துவிடும். கேட்டிராவிட்டால் நான் பாலில்தான் கரைத்திருப்பேன்.

உப்பும் வெங்காயமும் பூண்டும் போடாமல் வேகவைத்த மத்தி மீனோ கோழி ஈரலோ எடுத்துக்கொள்ளுங்கள். வெங்காயமும் பூண்டும் பூனையின் ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைப்பவை. ஆகவே நம் வீட்டு மீன் குழம்பிலிருந்து எடுத்த துண்டு வேண்டாம். சுண்டைக்காய் அளவில் மூன்று உருண்டை பிடியுங்கள். நடு உருண்டைக்குள் மட்டும் மாத்திரை. முதல் உருண்டையைக் கொடுங்கள், சந்தேகம் தீரும். இரண்டாவதை நீட்டும்போதே மூன்றாவது அதன் கண்ணில் படட்டும். அடுத்ததைப் பிடிக்கும் அவசரத்தில் வாயில் இருப்பதை மெல்லாமல் விழுங்கிவிடும். மாத்திரையைத் தொட்ட விரலால் மற்ற உருண்டைகளைத் தொட்டுவிடாதீர்கள். பூனை அந்த வாசனையைக் கண்டுபிடித்துவிடும். முழுத் தட்டுச் சோற்றிலும் மருந்தைக் கலக்காதீர்கள். கசப்பு தெரிந்துபோய்ச் சாப்பாட்டையே வெறுத்துவிட்டால் நிலைமை மோசமாகும். பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, அதிலும் கொழுத்த பூனையாக இருந்தால், கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகிவிடும்.

சின்னுவுக்கு மூக்கடைப்பு. வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. மீன் உருண்டையை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையால் கொடுப்பதைத் தவிர வழியில்லாமல் போயிற்று.

டாக்டர் தன் வீட்டுப் பூனையை மேசைமேல் உட்கார வைத்து எனக்குக் காட்டினார். நிதானமாகச் சொல்கிறேன், வீட்டில் பூனை இருந்தால் மனத்தில் ஓட்டிப் பாருங்கள்.

வேண்டியதையெல்லாம் முதலில் எடுத்து வைத்துவிட வேண்டும். உடைத்த மாத்திரை, ஊசி கழற்றிய சிரிஞ்சில் தண்ணீர், ஒரு தேங்காய்ப்பூத் துண்டு, முடிந்ததும் கொடுக்கப் பிடித்தமான ஏதாவது ஒன்று. அதற்கப்புறம்தான் பூனையைத் தூக்க வேண்டும். ஒளிந்திருக்கும் இடத்திலிருந்து இழுத்து வரக் கூடாது, அந்த இடம் அதற்குப் பத்திரமான இடமாகவே இருக்கட்டும். துண்டை விரித்து, பூனையை நடுவில் உட்கார வைத்து, கழுத்தைச் சுற்றி இரண்டு பக்கமும் மடித்துப் போர்த்துங்கள். முன்னங்கால்கள் உள்ளே, தலை மட்டும் வெளியே. அதன் முதுகு உங்கள் வயிற்றைத் தொட்டபடி இருக்கட்டும். பூனை பின்வாங்கித்தான் நழுவும், பின்னால் நீங்கள் இருந்தால் நழுவ இடமில்லை. எதிரே நின்று முகத்துக்கு நேராகக் கையை நீட்டாதீர்கள்.

இடது உள்ளங்கையை உச்சந்தலையில் வைத்து, கட்டைவிரலும் நடுவிரலும் இரண்டு கன்ன எலும்புகளிலும் பதியப் பிடியுங்கள். மீசையை நசுக்க வேண்டாம், அது மிகவும் கூச்சமான இடம். மூக்கு மேலே பார்க்கும்படி மெதுவாக உயர்த்துங்கள், கீழ்த்தாடை தானாகவே தளரும். வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே மாத்திரை இருக்கட்டும். அதே கையின் நடுவிரலால் கீழ்வரிசை முன்பற்களின் மேல் லேசாக அழுத்தினால் வாய் திறக்கும். நாக்கின் நடுவில் ஒரு மேடு தெரியும், மாத்திரையை அதற்கு அப்பால் போடுங்கள். முன்னால் விழுந்தால் நாக்கு வெளியே தள்ளிவிடும். உடனே தலையைத் தாழ்த்தி வாயை மூடித் தொண்டையைத் தடவிக் கொடுங்கள். மூக்கை நாக்கால் நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் ஐந்து வினாடி வேலை. முதல் தடவை தவறினால் இன்னொரு தடவை முயலுங்கள். அதுவும் தவறினால் விட்டுவிட்டு அரை மணி நேரம் கழித்து வாருங்கள். பத்து நிமிஷம் போராடுவது யாருக்கும் நல்லதல்ல.

விழுங்கியதோடு வேலை முடிந்ததென்று நானும் நினைத்தேன். டாக்டர் என் கையைப் பிடித்து நிறுத்தினார். தண்ணீர் இல்லாமல் போன மாத்திரை பூனையின் உணவுக்குழாயிலேயே பல நிமிஷம் ஒட்டிக்கொண்டு கிடக்கும். டாக்சிசைக்ளின் அப்படி ஒட்டினால் அந்த இடத்தை அரித்துப் புண்ணாக்கும். புண் ஆறும்போது குழாய் சுருங்கிப்போய், பின்னால் சோறே இறங்காத நிலைகூட வரலாம். ஆகவே ஐந்து ஆறு மில்லி தண்ணீரோ, உப்பில்லாத கோழிச் சாறோ பின்னாலேயே போக வேண்டும். சிரிஞ்சு முனையைக் கோரைப்பல்லுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில் பக்கவாட்டில் வைத்து, அரை மில்லி அரை மில்லியாக, விழுங்க விழுங்கக் கொடுக்க வேண்டும். இப்போது தலை அண்ணாந்திருக்கக் கூடாது. பாட்டில் மருந்தையும் இதே முறையில்தான் கொடுக்க வேண்டும்.

அதற்கப்புறம் பூனைக்குப் பிடித்தமானது. சாப்பிட மனமில்லையென்றால் தாடைக்கடியில் சொறிந்துவிடுவது, இரண்டு நிமிஷம் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது. "மருந்தோட வேலை முடியறது மாத்திரை உள்ள போறப்ப இல்லம்மா, பூனை உங்க பக்கத்துல மறுபடி வந்து உட்கார்றப்ப" என்றார் அவர்.

இனி ஒரு கசப்பான செய்தி. மருந்து புகட்ட முடியாமலோ, டாக்டரிடம் போக நேரமில்லாமலோ, நம் வீட்டு மருந்துப் பெட்டியைத் திறக்கிறவர்கள் இருக்கிறார்கள். காய்ச்சல்தானே என்று பாராசிட்டமால் மாத்திரையில் ஒரு துண்டு உடைத்துப் போடுகிறார்கள். பாராசிட்டமால் பூனைக்கு விஷம். அந்த மருந்தைப் பக்குவப்படுத்தி வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. தங்கிப்போன மருந்து ரத்தத்தைக் கெடுத்து, அது பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். ஈறு பழுப்பாக மாறும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று ஒரு பூனையைக் கொல்லப் போதும், அதைவிடக் குறைவாலும் உயிர் போகலாம். தெரியாமல் கொடுத்துவிட்டீர்களா? ஒரு மணி நேரம்கூடக் காத்திராமல் மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். மாற்று மருந்து இருக்கிறது, சீக்கிரம் போனால் பிழைக்கும். என்ன கொடுத்தீர்கள், எத்தனை மணிக்கு என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். நாய்க்கு உண்ணி போக முதுகில் விடும் சொட்டு மருந்தும் அப்படித்தான். அதில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்துவிடும்.

சென்னை வேப்பேரியில் 1903-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில் பூனைகளையும் பார்க்கிறார்கள். மற்ற ஊர்களில் அரசு கால்நடை மருந்தகங்கள் இருக்கின்றன. மாட்டுக்கும் ஆட்டுக்கும்தான் என்று நினைத்துப் பலர் பூனையைக் கொண்டு போவதில்லை. கொண்டு போங்கள். வீட்டில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தால் பூனையைத் தூக்கிக்கொண்டு ஒரு முறை, தனியாக ஒரு முறை ஏறி நின்று கழித்துப் பாருங்கள், அந்த எடையை வைத்துத்தான் மருந்தின் அளவு. எவ்வளவு முயன்றும் மாத்திரை போகவில்லையென்றால் அதையும் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். சில நோய்களுக்கு ஊசியாகவோ நீர்மருந்தாகவோ மாற்றிக் கொடுக்க முடியும். கொடுக்காமல் விட்டுவிட்டுக் கொடுத்தேன் என்று சொன்னால், மருந்து கேட்கவில்லை போலும் என்று அவர் இன்னும் கடுமையான மருந்துக்குப் போய்விடுவார்.

கடித்துவிட்டால் அந்தக் காயத்தைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பூனையின் பல் மெல்லியது, ஆழமாக இறங்கும், மறுநாளே கை வீங்கிச் சீழ் வைக்கும். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். வெறிநோய் உள்ள நாடு இது. தடுப்பூசி தேவையா என்பதை அவர்தான் சொல்ல வேண்டும். கீறலுக்கும் இதே விதிதான்.

வீட்டில் இப்போது குட்டி வளர்க்கிறவர்களுக்கு ஒன்று. நோய் வரும்வரை காத்திருக்காதீர்கள். விளையாடும்போதே வாரத்தில் இரண்டு மூன்று நாள் கன்னத்தைத் தொட்டு, உதட்டை லேசாகத் தூக்கிப் பார்த்துவிட்டு ஒரு துண்டு மீன் கொடுங்கள். சிரிஞ்சில் மீன் சாறு நிரப்பி நக்கக் கொடுங்கள். சிரிஞ்சைப் பார்த்தால் ஓடிவரும் பூனையாக வளரும்.

சின்னுவுக்கு டாக்டர் கணக்கைப் புதிதாகத் தொடங்கச் சொன்னார். மறுபடி பதினான்கு வேளை. துண்டை வெறுமனே தரையில் விரித்துப் போட்டு, அதன்மேல் சின்னுவின் தட்டை வைத்தேன். தம்பியும் அம்மாவும் அடுத்த அறையில் இருந்தார்கள். மாத்திரையை அட்டையிலிருந்து பிரிப்பதைச் சமையலறைக்கு மாற்றிக்கொண்டேன், அந்தச் சத்தம் அதன் காதில் விழாதபடி. முதல் வேளை இரண்டாவது முயற்சியில் போயிற்று. நாலாவது வேளைக்கு மூக்கடைப்பு விட்டது, மீன் வாசனைக்குத் தலையைத் தூக்கியது. ஒன்பதாவது வேளையிலிருந்து உருண்டைக்குள்ளேயே போயிற்று.

எட்டாவது இரவு, அட்டை காலி. ஒன்பது மணிக்கு நான் ஏதோ படித்துக்கொண்டிருந்தேன். சின்னு தானாக வந்து, மடித்து வைத்திருந்த துண்டின்மேல் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு காத்திருந்தது. எழுந்து போய் மூன்று உருண்டை மீன் எடுத்து வந்தேன். மூன்றும் வெறும் மீன்தான்.